உச்சத்தில் விலகிய மேஸ்

மேஸ் என்ற பெயரில் ராப் பாடிய மேசன் பெத்தா, நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் வளர்ந்தவர். 'சில்ட்ரன் ஆஃப் த கார்ன்' குழுவில் பாடிய நாட்களில் அவர் பெயர் 'மர்டா மேஸ்'. பாட்டும் பெயருக்கேற்ற ஆவேசத்தோடுதான் இருந்தது. 1996-ல் இசைத் தயாரிப்பாளர் ஷான் கோம்ப்ஸின் பேட் பாய் இசை நிறுவனத்தில் சேர்ந்ததும் பெயரிலிருந்து 'மர்டா' போனது. பாட்டின் வேகமும் தணிந்தது.

அந்த நிதானம்தான் அவரைத் தனித்துக் காட்டியது. தாளம் விழுந்த பிறகு துளி தாமதித்தே சொல்லை வைப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். 'மோ மணி மோ ப்ராப்ளம்ஸ்' பாட்டைக் கேட்டால் இது விளங்கும். டயானா ராஸின் பழைய பாட்டிலிருந்து எடுத்த துள்ளலிசை விரைந்தோட, முதல் சரணத்தை மேஸ் சோம்பல் முறித்தபடி பாடுவார். கடைசிச் சரணம் அதே நிறுவனத்தின் ராப் பாடகர் நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் கனத்த குரலில் வரும். அதைக் கேட்ட பிறகும் மேஸின் சரணம் மங்கிப்போவதில்லை. ஓர் இளம் பாடகருக்கு அது பெரிய விஷயம்.

1997 மார்ச்சில் பி.ஐ.ஜி. சுட்டுக் கொல்லப்பட்டார். தன் பெரிய குரலை இழந்த பேட் பாய்க்கு மேஸ் கைகொடுத்தார். அந்த அக்டோபரில் வந்த அவருடைய 'ஹார்லம் வேர்ல்ட்' ஆல்பம் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடத்தில் நுழைந்து, அமெரிக்காவில் 40 லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றையும் பெற்றது.

1999 ஏப்ரலில், இறைப்பணிக்காக இசையை விடுவதாக அறிவித்தார். ஜூனில் வெளிவந்த 'டபுள் அப்' ஆல்பத்தை முன்னின்று விற்க ஆளில்லை. அது 11-ஆம் இடத்தோடு நின்றது. மேஸ் அட்லாண்டாவில் போதகரானார்.

2004-ல் 'வெல்கம் பேக்' ஆல்பத்துடன் திரும்பி நான்காம் இடம் பிடித்தார். நிதானம் கெடவில்லை. ஆனால் பணம், பகட்டு, பெண்கள் என்று பழைய பாட்டுகளுக்குத் தீனி போட்டவற்றைப் போதகரால் முன்போல் பாட முடியவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பும் புதுப்பொருள் ஆல்பத்தில் போதிய அளவு இல்லை. பழைய உயரத்தை அவர் பிறகு எட்டவேயில்லை.

2023 முதல் 'இட் இஸ் வாட் இட் இஸ்' என்ற விளையாட்டு உரையாடல் நிகழ்ச்சியை ராப் பாடகர் கேம்ரனுடன் நடத்துகிறார். இருவரும் பள்ளிநாட்களில் ஒன்றாகக் கூடைப்பந்து ஆடியவர்கள். அதனால் ஆட்டத்தைப் பற்றிய அவர்கள் பேச்சில், களத்தில் நின்று கற்றவர்களின் உரிமை இருக்கிறது.