ஆடி மாதம் முதுவேனிலா?

'பருவத்துக்கேற்ற உணவு' என்ற தலைப்பில் ஓர் அட்டவணை நம் நாட்டில் நெடுங்காலமாக உலவி வருகிறது. நாட்காட்டிகளிலும், வார இதழ்களின் நலவாழ்வுப் பகுதிகளிலும், மருத்துவச் சிறுநூல்களிலும் அதைக் காணலாம். ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உண்ணத் தக்கவற்றையும் தள்ளத் தக்கவற்றையும் அது வகுத்துக் கூறும். பனிக்காலத்தில் நெய், பால், எள், வெல்லம், புத்தரிசி, இறைச்சி போன்ற கனத்த உணவு. முதுவேனிலில் குளிர்ச்சியான, நீர்த்த உணவு. மழைக்காலத்தில் எளிதில் செரிக்கும் பழைய தானியமும் கொதித்தாறிய நீரும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தென்காசியிலோ குற்றாலத்திலோ வாழும் ஒருவர் இதைக் கடைப்பிடிக்கத் தொடங்கினால் முதல் படியிலேயே இடறுவார்.

பெரும்பொழுது ஆறு என்பது தொல்காப்பியக் கணக்கு. ஆவணியும் புரட்டாசியும் கார் என்று தொடங்கி, ஆனியும் ஆடியும் முதுவேனில் என்று முடிப்பது நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த மாத வரிசை. சென்னை, வேலூர் மாணவனுக்கு ஆனி மாத வெயில் இதை மெய்ப்பித்துக் காட்டும். தென்காசி மாணவனோ முதுவேனில் என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே சன்னல் வழியாகச் சாரல் அவன் நோட்டுப் புத்தகத்தை நனைக்கும்! அவன் எதை நம்புவான்?

இந்த முரண்பாட்டுக்குக் காரணம் மலையின் அமைப்பு. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறது. அதனால் தமிழ்நாட்டின் பெரும்பகுதி அப்போது மழைமறைவில் கிடக்கிறது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் தாழ்ந்து ஆரியங்காவுக் கணவாயாகத் திறந்திருக்கிறது. அந்த வாசல் வழியே புகும் ஈரக்காற்று குற்றாலத்தில் சாரலாகத் தூவுகிறது. மழைமானியில் சேரும் அளவைப் பார்த்தால், தென்காசிச் சமவெளிக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே பெரிது. ஆயினும் மேகமூட்டம், விடாத காற்று, காற்றிலுள்ள ஈரம் ஆகியவற்றால் உடல் 'குளிர்காலம்' என்று உணர்வது ஆனி, ஆடியைத்தான்.

ஒரே ஆடி மாதத்தில் மூன்று இடத்து உணவைப் பாருங்கள். வட தமிழ்நாட்டில் அம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ் வார்க்கிறார்கள். கணவாய்க்கு அப்பால் கேரளத்தில் அது கர்க்கடக மாதம். ஞவரை அரிசியுடன் வெந்தயமும் மூலிகைகளும் சேர்த்துச் சூடான கஞ்சி குடிக்கிறார்கள். நடுவிலிருக்கும் குற்றாலத்துக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கின்றன. மாதத்தின் பெயர் ஒன்றானாலும் மூன்று ஊர்களிலும் பருவம் வெவ்வேறு.

அப்படியானால் அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது? சரக சம்ஹிதையின் சூத்திரத்தானத்தில் ஆறாம் அத்தியாயம் பருவ ஒழுக்கத்தைப் பற்றியது. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் மூன்றாம் அத்தியாயம் அதே பொருளைப் பேசுகிறது. இவை வடபுலத்துக் கடுங்குளிரைக் கண்டறிந்தவர்களின் எழுத்து. அந்த ஆசிரியர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் தம் கண்முன் கண்டதை எழுதினார்கள். சுசுருத சம்ஹிதை இரண்டு விதமான பருவ வரிசைகளைத் தருகிறது. ஒன்றில் பின்பனி உண்டு; மற்றொன்றில் அதை விட்டுவிட்டு மழைக்கு முந்திய பருவம் ஒன்று தனியாக வருகிறது. கங்கைக்கு வடக்கே குளிர் மிகுதி, தெற்கே மழை மிகுதி, அதனால்தான் இரண்டு வரிசை என்று உரைகாரர்கள் விளக்கம் தந்தார்கள். இடம் மாறினால் பருவமும் மாறும் என்பதைப் பழையவர்கள் மறக்கவில்லை. மறந்தவர்கள் இன்று அதைப் படியெடுத்து அச்சிடுகிறவர்கள்தாம்.

குளிர்நாடுகளில் பருவ உணவு என்பது உயிர்ப் பிரச்சினை. காசுமீரத்தில் பனி மூடும் மாதங்களுக்காகக் கத்தரிக்காயையும் சுரைக்காயையும் தக்காளியையும் கோடையிலேயே அரிந்து உலர்த்தி வைக்கிறார்கள். லடாக்கில் வறுத்த வாற்கோதுமை மாவும் உலர்ந்த பாதாமி என்னும் சர்க்கரைப் பழமும் குளிர்காலத்தைக் கடத்த உதவுகின்றன. நிலம் உறைந்து கிடக்கையில் எதுவும் முளைக்காது. எனவே கெடாத தானியமும், கொழுப்பும், உலர்ந்த காயும்தான் கதி. பகற்பொழுதும் அங்கே பெரிதும் மாறுபடும். சிறீநகரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு உண்டு. ஏறத்தாழ 9 பாகை வட அட்சரேகையில் உள்ள தென்காசியில் அது ஒரு மணி நேரம் அளவே. மார்கழி இரவிலும் இங்கே வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். புளியங்குடி எலுமிச்சை ஆண்டு முழுவதும் சந்தைக்கு வருகிறது. வைட்டமின் 'சி' கிடைக்காமல் ஈறு வீங்கிய வடநாட்டுக் குளிர்காலத்துக்கும் நமக்கும் என்ன உறவு?

புத்தரிசியையே எடுத்துக்கொள்வோம். பனிக்காலத் தொடக்கத்தில் புத்தரிசி உண்க என்று சரகர் சொன்னது, வடக்கே நெல் அறுவடை முடிந்து களஞ்சியம் நிறையும் காலம் அது என்பதோடு பொருந்துகிறது. சிற்றாற்றுப் பாசனத்திலோ ஐப்பசியை ஒட்டித் தொடங்கும் பிசான நெல் மாசி, பங்குனியில்தான் களத்துக்கு வரும். கார் நெல் ஆவணி, புரட்டாசியில் வரும். மார்கழியில் தென்காசிக்காரர் புத்தரிசி தேடினால் வயலில் பச்சைப் பயிரைத்தான் காண்பார்.

இனி, அட்டவணையின் உயிர்நாடியான கருத்துக்கு வருவோம். குளிர்காலத்தில் வெளிக்குளிர் உடலின் சூட்டை உள்ளே தடுத்து நிறுத்துவதால் வயிற்றுத் தீ பெருகும். அதற்குக் கனத்த உணவு என்னும் விறகு வேண்டும் என்பது அக்கருத்து. கடுங்குளிரில் உடல் கூடுதலாக எரிபொருள் செலவிடுவது உண்மைதான். நடுக்கம் எடுக்கும்போது தசைகள் வழக்கத்தைவிடப் பல மடங்கு வெப்பத்தை உண்டாக்குகின்றன. பழுப்புக் கொழுப்பு என்னும் திசுவும் நடுக்கமின்றியே கொழுப்பை எரித்து வெப்பம் தரும். வளர்ந்தவர்களிடமும் அது வேலை செய்கிறது என்பதை 2009-ல் வெளியான ஆய்வுகள் உறுதி செய்தன. ஆனால் கம்பளியும் கணப்பும் உள்ள வீட்டில் வாழ்பவருக்கு இச்செலவு மிகவும் குறைந்துவிடும். 20 டிகிரி இரவில் போர்வைக்குள் உறங்கும் தென்காசிவாசிக்கு அது ஒரு பொருட்டே ஆகாது. அவருக்கு நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருக்குமானால், 'முன்பனிக்கு இனிப்பும் உப்பும் நெய்யும் நன்று' என்ற அச்சடித்த வரி தீங்காகவே முடியும். நாட்காட்டியை நம்பி மார்கழி முழுவதும் வெல்லமும் எள்ளும் உண்போர் உண்டு என்பதால்தான் இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது.

'குற்றாலத்துக்குப் போனால் அப்படிப் பசிக்கிறதே!' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். பேரருவியின் கீழோ ஐந்தருவியிலோ அரைமணி நேரம் நிற்பவரின் தோலிலிருந்து வெப்பம் விரைவாக வெளியேறுகிறது. ஈர உடலில் காற்றும் வீசுகிறது. குளிர்ந்த நீரில் உடலுழைப்புச் செய்தவர்கள் பின்னர் கூடுதலாக உண்கிறார்கள் என்று சோதனைகளும் காட்டியுள்ளன. ஆக, அந்தப் பசி பொய்ப்பசி அன்று. ஆனால் அது அருவி தந்த பசியே. இழந்த வெப்பத்தின் கலோரியை இரண்டு பரோட்டாவும் சால்னாவும் ஈடுகட்டி மிச்சமும் வைத்துவிடும். (பிரானூர்ப் பக்கத்துப் பரோட்டாவுக்குப் 'பார்டர்' என்று பெயர் வந்தது திருவிதாங்கூர் எல்லையால். 1956-ல் செங்கோட்டை சென்னை மாநிலத்தில் சேர்ந்ததும் எல்லை போயிற்று, பரோட்டா போகவில்லை.) இரண்டு நாள் குளித்துவிட்டுப் போகிறவரின் பசியைக் கொண்டு, அவ்வூரிலேயே வாழ்பவரின் ஆனி, ஆடி உணவை வகுக்க முடியாது.

பழைய அறிவுரையில் இங்கும் பொருந்துவது ஒன்று உண்டு. மழைக்காலத்தில் கொதித்தாறிய நீர் குடி, ஆற்று நீரை விலக்கு என்கிறார்கள். 1854-ல் இலண்டனில் ஜான் ஸ்நோ காலராவுக்கும் குடிநீருக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். அதற்கு மிக முன்பே எழுதப்பட்ட வரி இது. ஆயிரக்கணக்கானோர் குளித்த நீர் ஓடிவரும் சிற்றாற்றங்கரையில் இதை இன்றும் இரு முறை சொல்லலாம்.

அட்டவணைகள் சொல்லாமல் விடுவது பூசணம். சாரற் காலத்தின் ஈரக்காற்றில் நன்கு காயாத நிலக்கடலையும் சோளமும் தேங்காய்ப் பருப்பும் எளிதில் பூத்துவிடும். அவற்றில் வளரும் ஒருவகைப் பூசணம் அஃபிளடாக்சின் என்ற நச்சைச் சுரக்கிறது. 1960-ல் இங்கிலாந்தில் நிலக்கடலைப் பிண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் இலட்சக் கணக்கில் மடிந்தபோது இது வெளிப்பட்டது. 1974-ல் இராசசுத்தானிலும் குசராத்திலும் பருவந்தவறிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்டு, கல்லீரல் கெட்டு நூறு பேருக்கு மேல் இறந்தனர். இந்த நச்சைச் சமையல் சூடு முழுவதும் அழிப்பதில்லை. தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ணுவதும் தவறு. பூத்த கடலையைத் தூக்கி எறிவதுதான் வழி. ஆடி மாதத்துத் தென்காசி வீட்டுக்கு நெய்யைப் பற்றிய அறிவுரையைவிட இது பன்மடங்கு தேவையானது.

இத்தகைய அட்டவணையை மாணவர்களே தயாரிக்கலாம். ஓராண்டுக்கு மழை அளவையும், காலை, பகல் வெப்பநிலையையும் குறித்து வாருங்கள். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் எந்த மாதம் எது மலிந்து வருகிறது என்று எழுதுங்கள். வயிற்றுப்போக்கு எந்த மாதத்தில் மிகுதி என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். செங்கோட்டையில் ஒரு குழுவும் சங்கரன்கோவிலில் ஒரு குழுவும் இதைச் செய்யட்டும். 2019-ல் பிறந்த தென்காசி மாவட்டத்துக்குள்ளேயே, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள ஊர்கள் இவை. ஒன்றில் ஆடியில் சாரல்; மற்றொன்றில் வறண்ட காற்றும் புழுதியும்.