கொலையாளி யார்? – ஜனெற் கிறீனின் திரைக்கதைகளும் சமுதாயக் குற்றமும்

துப்பறியும் கதை என்றதும் முகஞ் சுழிப்பவர்கள் முற்போக்கு இலக்கிய அன்பர்களிடையே பலர் உளர். அவர்தம் வெறுப்பிற்குத் தக்க காரணமும் உண்டு. குற்றம் என்பது ஒரு தீயவனின் மனத்தில் முளைப்பது. அவனைப் பிடித்து விலங்கிட்டதும் உலகம் மீண்டும் தூய்மை பெற்றுவிடுகிறது. இந்தப் பொய்யையே அவ்வகைக் கதைகளிற் பெரும்பாலானவை ஓயாது போதித்து வந்துள்ளன. எனினும், ஒரு கலைவடிவம் நெடுங்காலம் வெறும் வியாபாரிகளின் கையில் இருந்தது என்பதனால், அவ்வடிவமே சமுதாய உண்மையைத் தாங்கும் வலுவற்றது என முடிவு கட்டிவிடலாமா? இவ்வினாவை ஆராய்வதற்குப் பிரித்தானியத் திரைக்கதை ஆசிரியை ஜனெற் கிறீனின் பணி நல்லதோர் உரைகல் ஆகும்.

ஜனெற் கிறீன் 1908 ஆம் ஆண்டு ஹேட்போட்ஷயர் பகுதியிலுள்ள ஹிச்சின் என்னும் ஊரிற் பிறந்தவர். 1930களில் லண்டன் நாடக மேடைகளில் நடிகையாக விளங்கிய பின்னரே எழுத்துத் துறையிற் புகுந்தார். 1950 இல் வெளிவந்த ‘த குளவுடட் யெலோ’ அவருக்குத் திரைக்கதை ஆசிரியை என்ற பெயரை ஈட்டிக்கொடுத்தது. அவர் எழுதிய மர்ம நாடகமொன்று 1955 இல் ‘காஸ்ற் எ டார்க் ஷடோ’ என்ற படமாயிற்று. இன்னொரு நாடகம் 1960 இல் ஹொலிவூட்டில் ‘மிட்நைற் லேஸ்’ ஆயிற்று. இவற்றோடு அவர் நின்றிருப்பின், திகிற்கதை எழுதிப் பிழைத்த திறமைசாலிகளுள் ஒருவராகவே கணிக்கப்பட்டிருப்பார். அவ்வாறு நில்லாமைக்குச் சான்று 1959 இல் வெளிவந்த ‘சஃபயர்’, 1961 இல் வெளிவந்த ‘விக்ரிம்’ ஆகிய இரு படங்களாம். இரண்டையும் நெறிப்படுத்தியவர் பேசில் டியர்டன். தயாரித்தவர் மைக்கல் றெல்வ். இரண்டாவது படத்தை எழுதுவதிற் கிறீனின் கணவர் ஜோன் மக்கோமிக்கும் பங்குகொண்டார்.

‘சஃபயர்’ பிறந்த சூழலை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும். போருக்குப் பின் பிரித்தானியாவிற்குத் தொழிலாளர் தேவைப்பட்டனர். 1948 இல் ‘எம்பயர் விண்ட்றஷ்’ என்ற கப்பல் மேற்கிந்தியரை ஏற்றிக்கொண்டு ரில்பரித் துறையை அடைந்தது. பத்தாண்டுகள் கழிந்து, 1958 ஓகஸ்ற் இறுதியிலும் செப்ரெம்பர் தொடக்கத்திலும், லண்டன் நொட்டிங் ஹில் வீதிகளில் அவர்களை வெள்ளைக் காடையர் கூட்டங்கள் வேட்டையாடின. கறுப்பருக்கு அறை வாடகைக்கு இல்லையென மறுப்பது அன்று சட்டப்படி குற்றமன்று. 1965 இல் நிறைவேறிய முதலாவது இன உறவுச் சட்டம் பொது இடங்களை மட்டுமே கருத்திற் கொண்டது. வீட்டிற்கும் வேலைக்கும் பாதுகாப்புக் கிடைத்தது 1968 இலேயே.

இந்தச் சூழலிற் கிறீன் எழுதியது பிரசாரப் படமன்று, கொலைக் கதை. ஹாம்ஸ்ரெட் வெளியில் ஓர் இளம் மாணவியின் சடலம் கிடக்கிறது. பொலிசார் அவளை வெள்ளைப் பெண் எனக் கொள்கின்றனர். அவளுடைய அண்ணனான வைத்தியர் வந்து சேர்கிறார், அவர் கறுப்பர். பெர்முடாவிற் பிறந்த ஏள் கமரன் இப்பாத்திரத்தை ஏற்றுள்ளார். அவர் பொலிஸ் நிலைய அறையில் வந்து நிற்கும் அக்கணத்திற் கதை திசை மாறுகிறது. ‘யார் கொன்றார்?’ என்ற வினாவின் பின்னே ‘யார் யார் அவளை வெறுத்தனர்?’ என்ற பெருவினா எழுகிறது.

இங்கேதான் துப்பறியும் வடிவத்தின் பயனை நாம் காண்கிறோம். விசாரணை செய்யும் பொலிஸ் அதிகாரிக்கு எல்லாக் கதவுகளும் திறந்தாக வேண்டும். விடுதி நடத்தும் பெண், கடைக்காரர், மாணவர், கறுப்பர் கூடும் நடன விடுதி, செல்வந்தரான கறுப்புச் சட்டத்தரணி, மணமகனாக வரவிருந்த வெள்ளை இளைஞனின் ஒழுங்கான குடும்பம் என்று ஒவ்வொரு வாயிலாக அவர் ஏறி இறங்குகிறார். அவரோடு நாமும் செல்கிறோம். ஒவ்வொருவரும் தம்மை நிரபராதி எனக் காட்டப் பேசும் பேச்சிலேயே தமது துவேஷத்தைக் கொட்டிவிடுகின்றனர். ஒரு சொற்பொழிவினாற் செய்ய முடியாததை விசாரணை செய்துவிடுகிறது. பேச்சிலே மனிதரை இனங்காட்டும் இத்திறனுக்கு ஆசிரியையின் மேடைப் பயிற்சி உதவியிருக்கும் என நாம் கருதுகிறோம். விசாரிக்கும் அதிகாரிகளுள் இளையவரே நிறவெறுப்பு உடையவராகப் படைக்கப்பட்டிருப்பது மிகவும் கூர்மையான அமைப்பு. நீதியின் காவலரும் அந்த நோய்க்கு விலக்கல்லர் என்பதை அது உணர்த்துகின்றது.

முடிவிற் கொலையாளி அகப்படுகிறாள். அவள் காடையர் கூட்டத்தவள் அல்லள். அந்த ஒழுங்கான குடும்பத்தின் மகளும், இரு குழந்தைகளின் தாயுமான மில்ட்ரெட் என்பவளே அவள். இறந்தவளின் அண்ணன் அவளுடைய குழந்தைகளின் பொம்மையைக் கையில் எடுத்ததும், அதுவரை அடக்கி வைத்த வெறுப்பு வெடித்துச் சிதறுகின்றது. வெறுப்பு தெருச் சண்டியனிடம் மாத்திரம் உறைவதன்று, சாப்பாட்டு மேசையிலும் அமர்ந்திருப்பது என்ற உண்மையை இக்காட்சி நிலைநாட்டுகின்றது. அவ்வாண்டின் சிறந்த பிரித்தானியப் படத்திற்கான பிரித்தானியத் திரைப்படக் கழகப் பரிசை ‘சஃபயர்’ பெற்றது.

ஆயினும், பாராட்டோடு அமைந்துவிடுதல் விமர்சகன் கடமையன்று. நிறவெறியைச் சாட வந்த படமே அவ்வெறியின் அடிப்படைக் கோட்பாடொன்றை அறியாது ஏற்றுக்கொள்கிறது. வெள்ளையராக வாழ முயன்ற சஃபயரின் எளிய மேலாடைக்கு உள்ளே பளபளக்கும் செந்நிறப் பாவாடை காணப்படுகிறது. நடன விடுதியில் முரசு ஒலித்ததும், வெண்தோல் கொண்ட பெண்ணொருத்தியின் கால்கள் தாமே தாளமிடுகின்றன. இரத்தம் தன்னை மறைக்காது என்பதே இவற்றின் உட்பொருள். இது நிறவெறியர் கூறும் அதே பொய்யன்றோ? மேலும், வீட்டுடைமையாளரின் இலாபத்தையும் வேலைச் சந்தையின் போட்டியையும் படம் ஏறெடுத்தும் பாராது. வெறுப்பு எங்கிருந்து வருகிறது என வினவாது, எவரிடம் இருக்கிறது என்று மட்டும் வினவுகிறது.

படம் வெளிவந்த அதே 1959 இல், மே மாதம், கெல்சோ கொக்கிறேன் என்ற அன்ரிகுவாத் தச்சுத் தொழிலாளி நொட்டிங் ஹில் பகுதியில் வெள்ளை இளைஞர் கும்பலாற் குத்திக் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக எவரும் எக்காலத்தும் தண்டிக்கப்படவில்லை. திரையிலே ஒன்றரை மணி நேரத்திற் கொலையாளி பிடிபடுகிறாள். தெருவிலோ அவன் பிடிபடவேயில்லை. துப்பறியும் கதை தரும் ஆறுதலின் விலை யாது என்பதை இம்முரண்பாட்டைவிடத் தெளிவாகக் காட்டவல்லது பிறிதொன்றில்லை.

‘விக்ரிம்’ இந்தக் குறையை ஒருவகையிற் கடக்கின்றது. இங்கு குற்றவாளி சட்டமேயாம். ஆண்களுக்கிடையிலான தன்பாலுறவை இங்கிலாந்துச் சட்டம் அன்று சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருந்தது. வயது வந்தோர் மனமொத்துத் தனிமையிற் கொள்ளும் உறவு குற்றமாகாது எனப் பரிந்துரைத்த வுல்வென்டன் அறிக்கை 1957 இல் வெளிவந்தும், அரசாங்கம் செயற்படவில்லை. சட்டத்தைத் தம் கருவியாக்கி மிரட்டிப் பணம் பறிப்போர் கொழுத்தனர். அப்படிப்பட்ட கும்பலிடம் அகப்பட்ட இளம் குமாஸ்தா ஒருவன், தான் நேசித்த அப்புக்காத்தைக் காட்டிக்கொடுக்க மனமின்றிச் சிறைக்கூடத்திலே தூக்கிட்டு மாள்கிறான். அந்த அப்புக்காத்து மெல்வில் வார், தன் பதவி உயர்வையும் குடும்ப அமைதியையும் பணயம் வைத்து மிரட்டுவோரை நீதிமன்றுக்கு இழுக்கத் துணிகிறான். டேர்க் போகாட் அன்று பெரும் புகழ் பெற்றிருந்த நடிகர். அவர் இப்பாத்திரத்தை ஏற்றமை சாதாரணத் துணிவன்று. பிரித்தானியத் தணிக்கையாளர் படத்தை வயது வந்தோர்க்கு மட்டுமென ஒதுக்கினர். அமெரிக்கத் தயாரிப்பு விதிக்குழு தன் முத்திரையை மறுத்தது.

இங்கிலாந்தும் வேல்சும் 1967 இல் அச்சட்டத்தைத் திருத்தின. அம்மாற்றத்தைப் படமே கொணர்ந்தது எனக் கூறுவது மிகை. பேசவும் கூசிய பொருளைப் பொதுமக்கள் முன் பேச வைத்ததில் அதற்குப் பங்குண்டு எனக் கூறுவது நியாயம். ஆட்சியாளர் தம் வீட்டிலே திருத்தியதைக் குடியேற்ற நாடுகளில் நட்டுச் சென்ற இடத்தில் எவர் திருத்துவது? 1883 ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் அவர்கள் எழுதிய பிரிவு 1967 இல் அசையவில்லை. 1995 இல் நாமே செய்த திருத்தமோ, ஆண்களை மட்டும் குறித்து நின்ற 365 அ பிரிவைப் பெண்கள்மீதும் விரித்தது. இந்தக் கதையை அந்நியர் கதையென ஒதுக்கும் உரிமை எமக்கில்லை.

‘விக்ரிம்’ படத்திற்கும் எல்லை உண்டு. இரக்கத்திற்கு உரியவன் எவன் எனின், கண்ணியமும் கல்வியும் கொண்ட மேல்வகுப்பு மனிதன், அதிலும் தன் வேட்கையை அடக்கிக்கொண்டவன். தூக்கிட்டு இறந்த தொழிலாள இளைஞன் கதையின் தொடக்கத்திற்கு மட்டுமே தேவைப்பட்டான். 1966 இல் ஜோன் போட் நெறிப்படுத்திய ‘செவென் விமன்’ படத்திலோ கிறீனின் பார்வை மேலும் சுருங்குகிறது. சீனாவிலுள்ள கிறிஸ்தவ மிஷன் ஒன்றின் வெள்ளைப் பெண்கள் ஒவ்வொருவரும் உயிருள்ள பாத்திரங்கள். அவர்களைச் சூழ்ந்த ஆசியரோ வெறும் கொள்ளையர். லண்டனில் நீதி வேண்டிய பேனா ஆசியாவிற் பழைய ஏகாதிபத்தியக் கண்ணாடியை அணிந்துகொண்டது.

1993 இற் காலமான ஜனெற் கிறீனைப் புரட்சி எழுத்தாளர் என நாம் கொண்டாட வேண்டியதில்லை. அவர் ஒரு தாராளவாதி. தனிமனித மனச்சாட்சிக்கு அப்பால் அவர் செல்லவில்லை. ஆனால், தூய இலக்கியம் படைத்தோர் பலர் வாய்மூடியிருந்த காலத்தில், இலட்சக்கணக்கான சாதாரண மக்கள் காசு கொடுத்துப் பார்க்கும் வடிவத்திலேயே அவர் வெறுப்பையும் அநீதியையும் விசாரணைக் கூண்டில் ஏற்றினார். அவ்வடிவத்தை இழித்துரைத்து ஒதுங்குவது எமக்கு எளிது. அதனைக் கையேற்று, அவர் நிறுத்திய இடத்திலிருந்து மேற்செல்வதே கடினம். கொலையாளியைக் கண்டுபிடித்த பின்னரும் விசாரணையை முடிக்காத ஒரு துப்பறியும் கதையை எமது எழுத்தாளருள் எவர் எழுதப் போகிறார்?