ஆஸ்பத்திரியின் சரித்திரத்தில் விட்டுப்போனவர்

ஒரு ஸ்தாபனத்துக்கு வயதாகிவிட்டால் மலர் போடுவது நம்மவர் வழக்கம். வழவழப்பான காகிதம், கவர்னரின் படம், கட்டடங்களின் படம், தலைமை வகித்தவர்களின் வரிசை. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியையும் அதோடு வளர்ந்த மெடிகல் காலேஜையும் பற்றி எழுதப்படுபவையும் இந்தப் பாணியை விட்டு அதிகம் விலகுவதில்லை. அந்த எழுத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அதில் டாக்டர் இருக்கிறார், கட்டடம் இருக்கிறது, நோயாளி இல்லை.

தேதிகளில் தகராறு கிடையாது. 1664 நவம்பரில் செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் கம்பெனிச் சிப்பாய்களுக்காக ஒரு சின்ன ஆஸ்பத்திரி ஏற்பட்டது. 1772-ல் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. 1835 பிப்ரவரியில் வைத்தியப் பள்ளிக்கூடம். 1850-ல் அது காலேஜ். இந்நாட்டவருக்கு ஆஸ்பத்திரிக் கதவு திறந்தது 1842-ல் என்பதையும் மலர்கள் ஒரு வரியில் சொல்லும். சொல்லிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடும். கதை எழுதுகிற எனக்கோ அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. கோட்டைக்குள் முதல் கட்டில் போட்டு 178 வருஷம் கழித்து உள்ளே நுழைந்த அந்த மனிதன் யார்? வெள்ளைக்கார டாக்டரின் கத்தியைவிட எந்த வலி அவனை அதிகமாகப் பயமுறுத்திற்று? யார் காய்ச்சிய கஞ்சியைக் குடிக்கச் சம்மதித்தான்? சரித்திரக்காரர் கேட்க மறந்த கேள்விகள் இவை.

1875-ல் இந்தக் காலேஜில் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். லண்டன் சர்வகலாசாலை பெண்களுக்குப் பட்டம் தர இசைந்தது 1878-ல்தான். ஆகவே பெருமைப்படுவதில் தப்பில்லை. நால்வரில் ஒருவரான மேரி ஷார்லீப், சென்னையில் வக்கீலாக இருந்த ஆங்கிலேயரின் மனைவி. அவர் ஏன் படிக்க வந்தார்? ஆண் டாக்டரைப் பார்க்க வழியில்லாமல் பிரசவத்திலேயே உயிரை விட்ட நம் ஊர்ப் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான். அப்படியானால் காலேஜின் கதவைத் திறந்தவர்களில் அவர்களுக்கும் பங்கு இல்லையா? 1907-ல் அதே கதவு வழியாக முத்துலட்சுமி ரெட்டி நுழைந்து 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். அந்தப் படம் எல்லா மலரிலும் உண்டு; இருக்க வேண்டியதுதான்.

போதனா ஆஸ்பத்திரி என்கிறோமே, போதிப்பது யார்? புரொபசர் என்பீர்கள். வார்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு கட்டிலைச் சுற்றி இருபது மாணவர்கள். மண்ணீரல் வீங்கிய ஒருவன் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்திருக்கிறான். ஒவ்வொருவராக அவன் வயிற்றை அழுத்திப் பார்த்து, இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு நகர்கிறார்கள். பாடப் புத்தகம் அவன்தான். காசு கொடுத்துத் தனி அறையில் படுக்கிறவன் வயிற்றை இருபது பேர் தொடுவதில்லை. செத்த பிறகும் அவன் உத்தியோகம் தீர்வதில்லை. யாரும் கேட்டு வராத உடல்களை வைத்தியப் படிப்புக்குக் கொடுக்கலாம் என்று 1951-ல் இந்த ராஜ்யம் சட்டமே செய்தது. இதை அக்கிரமம் என்று நான் சொல்லவில்லை. அந்த விரல்கள் அங்கே படித்துக்கொண்டதால்தான் நாளைக்கு என் வயிற்றுக் கட்டியைக் கண்டுபிடிக்கின்றன. கடன் கடன்தான், அதைக் கணக்கில் எழுதவேண்டும் என்கிறேன்.

நாவலாசிரியர்கள் நாங்களும் யோக்கியர்கள் அல்ல. எங்கள் கதைகளில் ஆஸ்பத்திரி எதற்கு வருகிறது? கதாநாயகிக்கு ரத்தம் ஏற்ற. டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு "இருபத்து நாலு மணி நேரம் போனால்தான் சொல்ல முடியும்" என்று சொல்ல. ஆரணியிலிருந்து மாமனாரைக் கூட்டிக்கொண்டு சென்ட்ரலில் இறங்கி, எதிர்ச்சாரிக்கு வந்து, சீட்டு எழுதும் இடம் எது என்று கேட்டுக் கேட்டு அலைகிற மருமகளை நாங்கள் எழுதினோமா? வராந்தாவில் முந்தானையை விரித்து ஒரு வாரம் தூங்கியவளை?

வாசலில் டாக்டர் ரங்காச்சாரியின் சிலை நிற்கிறது. 1934-ல் மறைந்தவருக்கு 1939-ல் வைத்தார்கள். தகுதியான சிலை. 2011-ல் ஆஸ்பத்திரிக்கு ராஜீவ் காந்தியின் பெயரும் சேர்ந்தது. அடுத்த மலரைத் தொகுக்கப்போகிறவரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம்: கட்டடப் படங்களில் நாலைந்தைக் குறைத்துக்கொண்டு, எஞ்சியிருக்கிற பழைய கேஸ் ஷீட்டுகளில் பெயரை மறைத்துப் பத்தையாவது தமிழில் போடுங்கள். எந்த ஊர், என்ன தொழில், எத்தனை நாள் படுத்திருந்தார், நடந்து போனாரா இல்லையா. அவ்வளவு போதும், மிச்சத்தை நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.