இணைப்பு ஒரு வாக்காகுமா?

முன்பின் தெரியாத ஓர் ஊரில் போய் இறங்குகிறீர்கள். நல்ல வைத்தியர் யார் என்று அறிய வேண்டும். கடைக்காரரைக் கேட்கிறீர்கள், பள்ளி ஆசிரியரைக் கேட்கிறீர்கள், வண்டிக்காரரையும் கேட்கிறீர்கள். பலரும் ஒருவரையே சுட்டினால் அவரிடம் செல்கிறீர்கள். ஊரார் மதிக்கும் பெரியவர் ஒருவர் சுட்டிவிட்டால் நம்பிக்கை இன்னும் கூடுகின்றது. இதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வெளியூரார் இப்படிக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள் என்பது அவ்வூர் வைத்தியர்கள் அனைவருக்கும் தெரிந்துவிட்டால் என்ன ஆகும்?

இணையத் தேடுபொறிகளின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு விடையாகவே அமைந்திருக்கின்றது. அதன் தொடக்கத்தில் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் நிற்கின்றன. இரண்டும் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1998-ஆம் ஆண்டு எழுதப்பட்டவை. ஜனவரியில் வெளிவந்த முதல் அறிக்கையை லாரி பேஜ், செர்கே பிரின், ராஜீவ் மோத்வானி, டெரி வினோகிராட் ஆகிய நால்வரும் எழுதினர். அதே ஆண்டு ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில் பிரின், பேஜ் இருவரின் கட்டுரை வெளியாயிற்று. கூகுள் என்ற பெயரில் அவர்கள் கட்டியிருந்த தேடுபொறியை விளக்குவது அது. இவ்விரண்டையும் இன்று மறுபடி படித்தால், அவற்றின் பெருமையும் பிழையும் ஒருங்கே புலப்படுகின்றன.

கணக்கு என்ன?

அன்றைய தேடுபொறிகள் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் உள்ள சொற்களையே எண்ணின. "கடிகாரம்" என்று தேடினால் அச்சொல் மிகுதியாக வரும் பக்கம் முன்னே நிற்கும். ஆகவே அச்சொல்லை நூறு முறை எழுதி வைத்தவர் வென்றார். 1997 நவம்பரில் நான்கு முன்னணித் தேடுபொறிகளில் ஒன்றே ஒன்றுதான், தன் பெயரைத் தேடியபோது தன்னையே முதல் பத்து விடைகளுக்குள் காட்டியது என்று இக்கட்டுரை குறிப்பிடுகின்றது.

ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது தற்புகழ்ச்சி. பிறர் அதற்குத் தரும் இணைப்போ சாட்சி. இதுவே புதிய கருத்தின் சாரம். அறிவியல் உலகில் இது முன்பே பழகிய வழி. ஓர் ஆய்வை எத்தனை ஆய்வுகள் மேற்கோள் காட்டுகின்றன என்று எண்ணும் முறையை யூஜின் கார்பீல்டு 1955-இல் முன்மொழிந்தார். ஆனால் ஸ்டான்போர்டு குழுவினர் ஒரு படி மேலே சென்றனர். சாட்சிகளை எண்ணினால் மட்டும் போதாது, சாட்சி சொல்பவரின் மதிப்பையும் கணக்கிட வேண்டும் என்றனர். இதற்குப் பேஜ்ராங்க் என்று பெயர்.

ஒரு சிறு எடுத்துக்காட்டைக் காண்போம். க, ச, த என்று மூன்றே பக்கங்கள் உள்ள உலகம். க என்ற பக்கம் ச-வுக்கும் த-வுக்கும் இணைப்புத் தருகின்றது. ச-விலிருந்து த-வுக்கும், த-விலிருந்து க-வுக்கும் இணைப்பு உண்டு. ஒவ்வொரு பக்கத்திற்கும் பிறவி மதிப்பு 0.15. அதனோடு, தன்னைச் சுட்டும் பக்கங்கள் தம் மதிப்பைப் பங்கிட்டுத் தருவதில் 0.85 பங்கு சேரும். இணைப்புகளைப் பின்பற்றிப் போகும் வாசகர் சில சமயம் சலித்துப்போய் வேறு எங்கோ தாவுவார் அல்லவா? அதற்காகவே இந்தப் பிரிவினை. கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டால் மதிப்புகள் நிலைபெறும். த-வுக்கு 1.19, க-வுக்கு 1.16, ச-வுக்கு 0.64. க-வும் ச-வும் ஆளுக்கு ஓர் இணைப்பே பெற்றவை. எனினும் க-வின் மதிப்பு ஏறத்தாழ இரு மடங்கு. அதைச் சுட்டுவது மதிப்புள்ள த. அதுவும் தன் பங்கை முழுமையாக க-வுக்கே தருகின்றது.

2 கோடியே 40 இலட்சம் பக்கங்கள், 51 கோடியே 80 இலட்சம் இணைப்புகள் கொண்ட வலைக்கு இக்கணக்கைப் போட்டு, சிறந்த விடைகளை முன்னே கொண்டுவந்தனர். இது மெய்யான சாதனை, ஐயமில்லை.

ஓட்டை எங்கே?

இப்போது நீங்களே காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ச-வின் உரிமையாளர் ஒரே இரவில் 100 வெற்றுப் பக்கங்களை உண்டாக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் ச-வுக்கு மட்டும் ஓர் இணைப்பு வைக்கிறார் என்று கொள்வோம். அப்பக்கங்களை எவரும் சுட்டவில்லை. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் பிறவி மதிப்பு 0.15 உண்டு. அதில் 0.85 பங்கு, அதாவது 0.1275, ச-வைச் சேரும். நூறையும் கூட்டினால் 12.75! மூன்று பக்கங்களுக்கு நடுவே 0.64 பெற்று நின்றதற்கு இது எவ்வளவு பெரிய செல்வம்!

ஆசிரியர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். பக்கம் உண்டாக்கச் செலவில்லை என்பதால் போலி மேற்கோள்கள் பெருகலாம் என்று அவர்களே எழுதியிருக்கின்றனர். அதற்கு இரண்டு சமாதானங்களும் சொல்கின்றனர். பிறவி மதிப்பை எல்லாப் பக்கங்களுக்கும் தராமல், தேர்ந்தெடுத்த சில பக்கங்களுக்கு மட்டும் தந்தால் ஏமாற்றுவது ஏறக்குறைய இயலாததாகிவிடும் என்பது முதலாவது. மதிப்புள்ள தளங்களில் இணைப்பை விலைக்கு வாங்கலாம்தான். ஆனால் அதற்குப் பணம் செலவாகும், ஆகவே அது கட்டுக்குள் இருக்கும் என்பது இரண்டாவது.

இரண்டும் ஆராயத்தக்கவை. முதலாவதில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கின்றது: அந்தச் சில பக்கங்களைத் தேர்ந்தெடுப்பவர் யார்? 2004-இல் ஸ்டான்போர்டு, யாஹூ ஆய்வாளர்கள் டிரஸ்ட்ராங்க் என்ற முறையை வெளியிட்டபோது, நம்பத்தக்க தொடக்கத் தளங்களை மனிதர்களே பார்த்துத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. கணக்கு மட்டுமே நடுநிலையோடு தீர்ப்புச் சொல்லும் என்ற நம்பிக்கை அங்கேயே உடைகின்றது. இரண்டாவது சமாதானம் இன்னும் பலவீனமானது. செலவு தடையாவது, வரவு அதைவிடக் குறைவாக இருக்கும் வரையில்தான். முதலிடத்தில் நிற்கும் கடைக்குக் கூட்டம் திரளும் என்றால், இணைப்புக்குக் கொடுக்கும் பணம் முதலீடு ஆகிவிடுகின்றது.

அதுவே நடந்தது. இணைப்பு விற்போர் தோன்றினர். மொய் எழுதுவது போல "நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன்" என்று தளங்கள் ஒன்றுக்கொன்று இணைப்பு எழுதிக்கொண்டன. தேடுபொறிக்கு ஏற்பத் தளத்தைச் செப்பனிடும் வேலை ஒரு தனித் தொழிலாயிற்று. யார் யாரைச் சுட்டுகிறார்கள் என்று துருவி ஆராய்வது அத்தொழிலின் பெரும்பகுதியாயிற்று. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. ஜே. சி. பென்னி என்ற அமெரிக்கக் கடை நிறுவனம் உடைகள், படுக்கை விரிப்புகள் முதலிய தேடல்களில் மாதக்கணக்கில் முன்னே நின்றதற்குப் பின்னால், தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் நட்டு வைக்கப்பட்ட இணைப்புகள் இருந்தன. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றது நிறுவனம். கூகுள் அதைக் கீழே தள்ளியது.

பணம் இல்லாமலும் இக்கணக்கை வளைக்க முடிந்தது. ஓர் இணைப்பில் எழுதியுள்ள சொல்லையும் அது சுட்டும் பக்கத்தின் பண்பாகக் கொள்ளலாம் என்பது கட்டுரையின் மற்றொரு கருத்து. 2003-இல் பலர் சேர்ந்து "படுதோல்வி" என்ற பொருளுடைய ஆங்கிலச் சொற்களால் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்பைச் சுட்டினர். அச்சொற்களைத் தேடியவருக்கு அப்பக்கமே முதலில் வந்தது! 2007 ஜனவரியில்தான் கூகுள் இதற்கு மாற்று செய்தது.

திருத்தங்களும் அவற்றின் விலையும்

பொய்ச் சாட்சியைத் தடுக்கத் தேடுபொறி தன் விதிகளை மாற்றிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒரு விலை இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

2005 ஜனவரியில், "இந்த இணைப்பை வாக்காகக் கொள்ளாதே" என்று குறிக்கும் அடையாளம் ஒன்றைக் கூகுள், யாஹூ, மைக்ரோசாப்ட் மூன்றும் ஏற்றன. 2007-இல் ஆங்கில விக்கிப்பீடியா தன் வெளி இணைப்புகள் அனைத்திற்கும் இதை இட்டது. விளைவைப் பாருங்கள். ஆதாரம் காட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கும் ஒரு கலைக்களஞ்சியத்தின் சாட்சி செல்லாததாயிற்று. கவனமின்றி எழுதப்பட்ட பக்கங்களின் சாட்சி செல்லுபடியாகவே இருந்தது. 2019-இல்தான் கூகுள் இந்த அடையாளத்தைக் கட்டளையாக அன்றி ஒரு குறிப்பாக மட்டும் கொள்வதாக அறிவித்தது.

2012 ஏப்ரல் 24 அன்று பெங்குவின் என்ற மாற்றம் வந்தது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 விழுக்காட்டை அது பாதிக்கும் என்று கூகுள் கூறியது. அதுவரை போலி இணைப்பு பயனற்றதாகலாம். இனி கணக்குப் பொறி தானே அதற்குத் தண்டனையும் தரலாயிற்று. தளம் நடத்துவோர் பலர், தம்மை யார் சுட்டுகிறார் என்று தேடிப்பிடித்து, "இவரை எனக்குத் தெரியாது" என்று மறுப்புப் பட்டியல் கொடுக்க வேண்டியவரானார்கள். அதற்கான கருவி அவ்வாண்டு அக்டோபரில் வந்தது. 2014 அக்டோபரில் வந்த பெங்குவினில் சிக்கியவர்கள் தம் பிழையைத் திருத்திக்கொண்டாலும், அடுத்த பெங்குவின் வந்த 2016 செப்டம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. சிறு தொழில் நடத்துவோருக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு என்பது எவ்வளவு நீண்ட காலம்! அதன் பிறகே, போலி இணைப்புக்குத் தண்டிப்பதை விட்டு அதை மதிப்பற்றதாக்கும் முறை வந்தது. முதலிலேயே இவ்வாறு செய்திருக்கலாகாதா?

வேட்டை இன்னும் ஓயவில்லை. காலாவதியான தளப் பெயர்களை வாங்கி, பழைய தளம் ஈட்டிய நற்பெயரை அனுபவிக்கும் வழக்கத்தைக் கூகுள் 2024 மார்ச்சில் தன் தடைப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்தது. இறந்தவரின் சாட்சியையும் விலைக்கு வாங்குகிறார்கள் என்றால் பாருங்கள்!

அளவுகோல் மறைந்தது

இதற்கிடையே வேறொன்றும் நடந்தது. ஒரு பக்கத்தின் மதிப்பை 0 முதல் 10 வரை எவரும் காணும்படி கூகுளின் கருவிப்பட்டை ஒரு காலத்தில் காட்டியது. 2016-இல் அது நீக்கப்பட்டது. எந்தத் தளத்தை எவை சுட்டுகின்றன என்று காட்டிய யாஹூவின் சேவை 2011 நவம்பரில் மூடப்பட்டது. இன்று ஒருவர் தம் தளத்தைச் சுட்டும் இணைப்புகளில் ஒரு பகுதியைக் கூகுளிடம் காணலாம். பிறர் தளத்தைப் பற்றி விரிவாக அறிய வேண்டுமானால் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களிடம் பணம் கட்ட வேண்டும். அந்நிறுவனங்கள் தாமே வலையைச் சுற்றிவந்து எண்ணுகின்றன. ஒவ்வொன்றும் சுற்றிவரும் பகுதி வேறு; ஆகவே ஒரே தளத்திற்கு அவை தரும் எண்களும் வேறு. இந்த எண்களைத் தேடுபொறியின் தீர்ப்பாகவே கொண்டு பணத்தைக் கொட்டுவோர் பலர். இருட்டில் யானையைத் தடவிப் பார்த்துவிட்டு, அதன் எடையைச் சொல்வது போன்றது இது.

"மறைக்காவிட்டால் மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொள்வார்களே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓர் அளவீடு இலக்காகிவிட்டால் அது நல்ல அளவீடாக நீடிப்பதில்லை. பிரிட்டிஷ் பொருளியலார் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் நிதித் துறையை வைத்துச் சொன்ன கருத்து இங்கும் பொருந்துகின்றது. ஆனால் தேர்வை எண்ணிப் பாருங்கள். வினாத்தாளைத் தேர்வு நாள் வரை பூட்டி வைக்கிறோம்; மதிப்பெண்ணைப் பூட்டி வைப்பதில்லை. மறுகூட்டல் கேட்கவும் வழி வைத்திருக்கிறோம். கூகுளின் ஊழியர் நேரில் பார்த்துத் தண்டித்தால் தளத்தாருக்கு அறிவிப்பு வருகின்றது; கணக்குப் பொறி தானே கீழே இறக்கினால் அப்படி ஓர் அறிவிப்பு வருவதில்லை. குற்றம் இன்னதென்று தெரியாமல் தண்டனை பெறுபவர் எப்படித் திருந்துவார்?

மறந்துபோன ஒரு பக்கம்

1998-ஆம் ஆண்டுக் கட்டுரையின் இறுதியில் விளம்பரம் பற்றிய ஒரு பகுதி உண்டு. கைபேசி பற்றித் தேடியபோது, வண்டி ஓட்டும்போது கைபேசி பேசுவதால் கவனம் சிதறுவதைப் பற்றிய ஆய்வு தங்கள் பொறியில் முதலில் வந்தது என்று ஆசிரியர்கள் பெருமையோடு சொல்கின்றனர். கைபேசி விளம்பரத்தில் பணம் பெறும் தேடுபொறி, இந்த விடையைத் தன் விளம்பரதாரரிடம் நியாயப்படுத்தத் திணறும் என்றும் எழுதுகின்றனர். தேடுபொறித் தொழில்நுட்பம் நிறுவனங்களுக்குள் மறைந்துகிடப்பதைக் குறை கூறி, வெளிப்படையான ஒரு தேடுபொறி கல்வி உலகில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகின்றனர்.

இரண்டே ஆண்டுகளில், 2000 அக்டோபரில், கூகுளின் விளம்பரத் திட்டம் தொடங்கிற்று. 2024 ஆகஸ்டில் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, தேடலில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டத்திற்குப் புறம்பாகக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தது. ஆகவே என் முடிவு இதுதான்: பேஜ்ராங்க் கட்டுரைகளின் கணிதம் நிலைத்தது, மனிதரைப் பற்றிய கணிப்பு பிழைத்தது, அவை தந்த அறிவுரையை எழுதியவர்களே கைவிட்டனர். கைவிடப்பட்ட அந்த அறிவுரைதான் இன்று நமக்கு மிகவும் வேண்டியது. காமன் கிரால் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, வலையிலிருந்து திரட்டிய பக்கங்களையும் இணைப்புகளையும் எவரும் ஆராயுமாறு பொதுவில் வைத்திருக்கின்றது. வெளிப்படையான ஆய்வு முடியாத காரியம் அன்று என்பதற்கு இதுவே சான்று.

வாசகர்களே! அடுத்த முறை தேடும்போது, முதலில் நிற்கும் விடையை உண்மையின் முத்திரையாகக் கொள்ளாதீர்கள். நான்காவதையும் பத்தாவதையும் திறந்து பாருங்கள். நீங்களே ஒரு தளம் நடத்துபவரானால், இணைப்பை விலைக்கு வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். உங்களுக்கு மெய்யாகவே பயன்பட்ட ஒரு பக்கத்தைக் கண்டால் மட்டும் அதைச் சுட்டுங்கள். எண்ணப்படும் என்பதற்காக அன்றி, படிப்பவருக்கு உதவும் என்பதற்காகத் தரப்படும் இணைப்பே சாட்சி. மற்றவை வெறும் கூலி.