முத்தின் நீரும் திரையின் ஒளியும்: கணினிப் படவாக்கத்தில் யதார்த்தம் பற்றிய ஒரு நோக்கு

கலை உண்மையைப் போன்றிருத்தல் வேண்டுமா, உண்மையை உணர்த்துதல் வேண்டுமா என்னும் வினா திறனாய்வுக்குப் பழையது. ஈழத்துத் தமிழ்த் திறனாய்வாளர் இயற்பண்புவாதத்தையும் யதார்த்தவாதத்தையும் வேறுபடுத்தி நோக்கியது இவ்வினாவின் அடிப்படையிலேயே ஆகும். கண்ணுக்குத் தெரிவதை ஒன்றும் விடாது எடுத்துரைப்பது முன்னையது. தெரிவதற்குக் காரணமாய் நிற்பதைத் தேர்ந்து காட்டுவது பின்னையது. நாவலையும் சிறுகதையும் முன்வைத்து எழுந்த இவ்வேறுபாடு இன்று கணினித் திரையிலும் பொருத்திப் பார்க்கத்தக்கது. பளிங்குப் பொருள்களின் மேற்பரப்பை மெய்யெனத் தோன்றுமாறு கணினியில் வரையும் முறைகள் அரை நூற்றாண்டாக வளர்ந்துள்ளன. அவை எய்தியது யாது, தவறவிட்டது யாது என உரசிப் பார்ப்பதற்குச் சிலாவத்துறையின் முத்து ஏற்றதோர் உரைகல்லாகும்.

முத்தைப் பளிங்கு என்பது வியப்பாகத் தோன்றலாம். சிப்பியின் உடலிலிருந்து சுரந்து படியும் கல்சியங் காபனேற்று, அரகனைற்று என்னும் பளிங்கு வடிவில் மெல்லிய தகடுகளாக அடுக்கடுக்காய் அமைகின்றது. தகடொன்றின் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் இரண்டாயிரத்தில் ஒரு பங்காகும். தகடுகளுக்கிடையே மிக மெல்லிய புரதப் படலம் கிடந்து அவற்றைப் பிணைக்கின்றது. இத்தடிப்பு, கட்புலனாகும் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவினது. ஆதலின் முத்தின்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதி மேலேயே தெறிக்க, எஞ்சியது உட்புகுந்து, பல தகடுகளிலும் தெறித்து, ஒன்றோடொன்று தலையிட்டு நிறங்கொண்டு மீள்கின்றது. சுண்ணாம்புக் கல்லும் முத்தும் பெரும்பாலும் ஒரே வேதிப்பொருளால் ஆனவை. ஒன்றைக் கல்லாகவும் மற்றதை மணியாகவும் ஆக்குவது அடுக்கின் ஒழுங்கே.

இவ்வுண்மையை உணர்த்தும் எளிய சோதனையொன்றை 1814ஆம் ஆண்டு டேவிட் புரூஸ்டர் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் வெளியிட்டார். முத்துச்சிப்பியின் மின்னும் உட்புறத்தை அவர் மெழுகில் அழுத்தி எடுத்தார். மெழுகிலும் வானவில் நிறங்கள் தோன்றின. சிப்பியின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய வரிகள் மெழுகில் பதிந்தமையே அதற்குக் காரணம். ஆயின் சிப்பியின் நிறங்கள் யாவும் மெழுகுக்கு மாறவில்லை. சில சிப்பியிலேயே தங்கிவிட்டன. அவை மேற்பரப்புக்கு உரியன அல்ல, ஆழத்துக்கு உரியன. பிற்காலத்தில் சி. வி. இராமன் 1930களிற் சிப்பிகளையும் 1950களில் முத்தையும் ஆராய்ந்து இவ்வொளியியலைத் தெளிவுபடுத்தினார். மெழுகில் பதியும் ஒளி, பதியாத ஒளி என்னும் இப்பாகுபாடே கணினிப் படத்தை மதிப்பிடுவதற்கும் அளவுகோலாகின்றது.

கணினிப் படவாக்கம் தொடக்கத்தில் மெழுகின் வழியையே பின்பற்றியது. 1974இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கற்மல், வளைந்த உருவொன்றின்மேல் படமொன்றைப் போர்த்தும் முறையைத் தம் ஆய்வேட்டில் விளக்கினார். டெக்ஸ்சர் என வழங்கப்படுவது இதுவே. 1975இல் அதே பல்கலைக்கழகத்திற் பூய் துவொங் பொங் மினுக்கத்தைக் கணிக்கும் சூத்திரத்தைத் தந்தார். 1978இல் ஜேம்ஸ் பிளின், உருவை மாற்றாமலே மேடுபள்ளத் தோற்றத்தை உண்டாக்கும் வழியைக் காட்டினார். இவை அரிய சாதனைகளே. எனினும் இவற்றால் மட்டும் ஆகிய முத்து, பளபளக்கும் பிளாஸ்ரிக் உருண்டையாகவே தோன்றும். ஒளி மேலே பட்டு மேலேயே திரும்பிவிடுகின்றது. உள்ளே சென்று மீளுவதில்லை.

இக்குறை பின்னர் உணரப்பட்டது. அடுக்கு அமைந்த பொருள்களினூடு ஒளி சிதறுவதைக் கணிக்கும் முறை 1993இல் வெளிவந்தது. 2001இல் ஹென்றிக் வான் ஜென்சனும் அவர்தம் கூட்டாளரும் பால், சலவைக்கல், மனிதத் தோல் ஆகியவற்றினுள் ஒளி பரவி வெளிப்படுவதைச் சுருங்கிய கணிப்பில் அடக்கினர். மென்படலங்களில் எழும் நிறமாற்றத்தைப் படவாக்கத்தில் இணைக்கும் செம்மையான முறை 2017இல் வந்தது. இவற்றுக்கிடையே, 1997இல் யப்பானின் நொரிகோ நகாத்தாவும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு தனித்துக் குறிப்பிடற்பாலது. அவர்கள் முத்தை வரைந்தது அழகுக்காக அன்று. முத்தின் தரத்தை மதிப்பிடும் வல்லுநரின் கண் எதனைக் காண்கின்றது என்பதை அறிவதற்காகும். ஆகவே கருவி இல்லை என்னும் சாட்டு இன்று செல்லாது. கருவியை எதற்குப் பயன்படுத்துவது என்பதே வினா.

வல்லுநரின் கண் தமிழருக்குப் புதியதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) காலத்துக் கல்வெட்டுகள், கோயிலுக்கு அளித்த அணிகலன்களின் முத்துகளை வகைபிரித்துப் பதிந்துள்ளன. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என வகைகள் விரிகின்றன. அவற்றோடு குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்னும் சொற்களும் வருகின்றன. முத்தின் ஒளியை நீர் என்றது சிந்திக்கத்தக்கது. நீர் மேற்பூச்சு அன்று. ஆழமுடையது, அடியைக் காட்டுவது. கணினி வல்லுநர் வடிவம், மேற்பரப்பின் கரடு, உள்ளொளி எனப் பிரித்துக் கணிக்கும் கூறுகளை, இக்கல்வெட்டு எழுதியோர் தம் கண்ணாலும் சொல்லாலும் பிரித்தறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையும் மதுரையின் மணிக்கடைத் தெருவைக் கூறுமிடத்து முத்தின் நீர்மையோடு அதன் குற்றத்தையும் சேர்த்தே பேசுகின்றது. குற்றம் அறியாதவன் குணமும் அறியான் என்பது அம்மரபின் அடிப்படை.

சலாபம், சிலாபம் என்னும் சொற்கள் முத்துக்குளிப்பைக் குறிப்பன. சிலாவத்துறையின் பெயரிலே அத்தொழில் தங்கியிருக்கின்றது. மன்னார்க் குடாவின் பார்களிலிருந்து எடுத்த சிப்பிகள் இக்கரையோரம் இறங்கிய காலத்தில், முத்துகளைத் துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் இட்டுச் சலித்தனர். பெரியதற்கு இருபது துளை. மிகச் சிறியதற்கு ஆயிரம் துளை. சல்லடை பருமனை மட்டுமே சொல்லும். ஆணி முதல் தூள் வரையான தரத்தை ஒளியும் உருட்சியும் கண்டு வணிகரின் கண்ணே தீர்மானித்தது. கணினியிலும் சல்லடையின் வேலை எளிது. கண்ணின் வேலையே அரிது.

இன்றைய படவாக்கத்திற் குற்றம் இல்லாமலில்லை. மெய்த்தோற்றம் வேண்டிக் கீறலும் புள்ளியும் மாசும் தாராளமாகத் தூவப்படுகின்றன. ஆனால் அவை எழுந்தமானமாகத் தூவப்படுவன. அவற்றுக்குக் காரணம் இல்லை. மெய்யான முத்தின் ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. சிப்பியின் ஓட்டோடு ஒட்டி வளர்ந்தமையால் ஒருபுறம் தட்டையானது ஒன்று. இரு முத்துகள் ஒன்றி இரட்டையானது வேறொன்று. காரணமற்ற விவரங்களின் குவியல் இயற்பண்புவாதம் ஆகலாம்; யதார்த்தம் ஆகாது.

இங்கே ஒரு தடை எழக்கூடும். ஏறத்தாழ 1665இல் ஒல்லாந்து ஓவியர் வெர்மீர் வரைந்த முத்துத்தோட்டுப் பெண்ணின் படத்தில் முத்து சில தூரிகைத் தீற்றல்களே அன்றோ? 2018இல் ஹேக் நகர அருங்காட்சியகத்தில் அப்படத்தை ஆராய்ந்தோர், முத்தைக் காதில் மாட்டும் கொக்கிகூட வரையப்படவில்லை எனக் கண்டனர். அடுக்குகளைக் கணிக்காமலே அது முத்தாகவில்லையா? உண்மைதான். ஆயின் அத்தீற்றல்களில் ஒன்று மேலே விழும் ஒளி; மற்றது கீழே வெண்கழுத்துப் பட்டியிலிருந்து தெறிக்கும் ஒளி. முத்து தன் சூழலைத் தன்னில் ஏந்துவது என்பதை அவ்வோவியர் அறிந்திருந்தார். அவரை விடுவிப்பது விவரத்தின் சிக்கனம் அன்று, தேர்வின் காரணமே.

திரையில் வரும் முத்தின் பெருங்குறையும் இங்கேதான் வெளிப்படுகின்றது. சுற்றுப்புறத்தைப் பொருளின் மேற்பரப்பில் தெறிக்கச் செய்யும் முறையைப் பிளினும் நியூவெலும் 1976இலேயே தந்தனர். ஆனால் விளம்பரப் படங்களின் முத்து பெரும்பாலும் கருந்துணியையும் படப்பிடிப்பு விளக்கையுமே ஏந்தி நிற்கின்றது. அது எந்தக் கடலுக்கும் எந்தக் கைக்கும் உரியதன்று. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடி அளவிலான சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு இருபத்தைந்து இலட்சம் ரூபா வரை வருவாய் கிட்டியது. மூச்சடக்கி மூழ்கியோர்க்குக் கிடைத்தது சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு. அடுத்த ஆண்டு சிலாவத்துறைக்குத் தெற்கே மறிச்சுக்கட்டியில் அரச ஊழியராகக் கடமையாற்றிய லெனாட் வுல்ப், 1921இல் வெளியிட்ட ‘முத்துகளும் பன்றிகளும்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய சிறுகதையிற் சிப்பி அழுகும் நாற்றத்தையும் ஈக்களையும் மனிதப் பாட்டையும் மறைக்கவில்லை. இலக்கியம் காட்டிய இச்சூழலைத் திரை அழித்துவிடுகின்றது.

இது அழகியல் வினா மட்டுமன்று. பெருங்குளிப்பு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியோடு ஓய்ந்தது. 1990இல் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சிலாவத்துறையும் முசலிப் பகுதியும் தம் மக்களை இழந்தன; போர் முடிந்த பின்னரே மீள்குடியேற்றம் தொடங்கியது. வேற்றூரில் வளர்ந்து திரும்பிய தலைமுறைக்கு, ஊர்ப்பெயரில் வாழும் முத்து பெரும்பாலும் படத்திலேயே காணக்கிடைப்பது. நாளை எவரேனும் அக்கரையின் சலாபத்தைக் கணினியில் மீட்டுருவாக்கினால், மெழுகில் பதிந்ததை மட்டும் காட்டுவரா, பதியாததையும் காட்டுவரா என்பது அம்மக்களின் நினைவைப் பற்றிய வினாவாகின்றது. அவர்கள் வரையும் முத்தில் அடுக்கினூடு மீளும் ஒளி இருத்தல் வேண்டும். காரணமுள்ள குற்றம் இருத்தல் வேண்டும். சிலாவத்துறையின் மணலும் கடலும் அதன் வளைவில் தெறித்தல் வேண்டும். அத்தகைய முத்தையே நீருள்ள முத்து எனல் தகும்.