அணு, மதம், தேசம்: தெற்காசிய அறிவியல் வரலாற்றெழுத்து குறித்து ஓர் ஆய்வு

இருபதாம் நூற்றாண்டுத் தெற்காசியாவில் இயற்பியலுக்குக் கிடைத்த அரசியல் மதிப்பு வேறெந்த அறிவியல் துறைக்கும் கிடைக்கவில்லை. 1930-இல் சி. வி. ராமன் பெற்ற நோபல் பரிசு அடிமைப்பட்ட ஒரு நாட்டின் தன்மதிப்புக்குச் சான்றாகக் கொண்டாடப்பட்டது. 1998 மே மாதம் பொக்ரானிலும் சாகாயிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள், எல்லையின் இருபுறமும் மத உணர்வு கலந்த தேசியப் பெருமிதமாக வீதிக்கு வந்தன. தேசத்தின் அடையாளத்தையும் உரிமையையும் ஒரு மதத்தின் வரலாற்றோடும் குறியீடுகளோடும் பிணைத்துக் காணும் அரசியலே மத தேசியம் எனப்படுகிறது. அது நவீனத்துக்கு முந்தைய எச்சம் அல்ல, காலனியாட்சியில் நவீனத்தோடு சேர்ந்தே வளர்ந்தது என்பதை பீட்டர் வான் டெர் வீர் 1994-இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். ஆனால் இயற்பியலின் வரலாறு, மத தேசியத்தின் வரலாறு, தொழில்நுட்பத்தின் வரலாறு ஆகிய மூன்றும் நீண்டகாலம் தனித்தனி அறிஞர்களால், ஒருவர் எழுதியதை மற்றவர் அதிகம் படிக்காமலே எழுதப்பட்டன. இவற்றை இணைத்துப் பார்க்க முயன்ற நூல்களிலும் கருத்துகளின் மோதலைப் பேசுபவை மிகுதி. கருவிகளையும் ஆய்வுக்கூடங்களையும் அங்கே உழைத்தவர்களையும் பேசுபவை குறைவு. அந்தக் குறைவான நூல்களே இத்துறையின் உண்மையான முன்னேற்றம் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

கருத்து மோதலைப் பேசிய நூல்களில் மிகுந்த விவாதத்தை எழுப்பியது மீரா நந்தா 2003-இல் வெளியிட்ட 'ப்ராஃபெட்ஸ் ஃபேஸிங் பேக்வர்ட்'. உயிரியலில் பயிற்சி பெற்றுப் பின்னர் அறிவியல் தத்துவத்துக்கு வந்த நந்தா, 1998 சோதனையை ஒட்டி எழுந்த மதக் கொண்டாட்டங்களை எடுத்துக்காட்டி, அணுகுண்டை ஏற்கும் ஓர் இயக்கம் அதே வேளையில் அறிவியலின் ஐயப்படும் மனப்பாங்கை ஏன் ஏற்பதில்லை என்று கேட்டார். பொறியியலைத் தழுவிக்கொண்டு அறிவொளிக்கால விழுமியங்களைத் தள்ளிவைக்கும் இந்நிலையைக் குறிக்க, ஜெர்மனியின் வைமார், நாஜிக் காலங்களைப் பற்றி ஜெஃப்ரி ஹெர்ஃப் 1984-இல் வகுத்த 'பிற்போக்கு நவீனத்துவம்' என்னும் கருத்தாக்கத்தை அவர் எடுத்தாண்டார். எல்லா அறிவும் அந்தந்தப் பண்பாட்டின் கட்டுமானமே, எனவே எல்லாம் சமம் என வாதிட்ட பின்நவீனத்துவ அறிஞர்கள், 'வேத அறிவியல்' என்ற முழக்கத்துக்குத் தெரிந்தோ தெரியாமலோ கருத்தியல் பாதுகாப்பு அளித்தனர் என்பது அவருடைய கடுமையான குற்றச்சாட்டு. இதில் நியாயம் உண்டு. 1981-இல் அறிவியல் மனப்பான்மை குறித்து அறிஞர் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கைக்கு ஆஷிஸ் நந்தி எழுதிய மறுப்பறிக்கையை இன்று திரும்பப் படிக்கையில், அரசு அறிவியலின் வன்முறையைக் கண்டிக்கும் நேர்மை தெரிவதோடு, அந்த விமர்சனம் யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதில் கவனக்குறைவும் தெரிகிறது. ஆயினும் இந்துத்துவத்தின் வளர்ச்சிக்குப் பல்கலைக்கழகக் கோட்பாட்டாளர்களை இந்த அளவுக்குப் பொறுப்பாக்குவது அவர்களின் செல்வாக்கை மிகைப்படுத்துவதாகும்.

வேதத்தில் அறிவியல் உண்டு என்ற கூற்று பின்நவீனத்துவத்துக்கு ஒரு நூற்றாண்டு மூத்தது என்பதை கியான் பிரகாஷின் 'அனதர் ரீசன்' (1999) காட்டுகிறது. அருங்காட்சியகங்களும் பொருட்காட்சிகளும் வழியாக அறிவியலை ஆட்சியின் அடையாளமாகக் காலனி அரசு காட்டியபோது, ஆரிய சமாஜத்தவர் உள்ளிட்ட படித்த இந்துக்கள் அதே அறிவியலைத் தம் தொன்மையின் சொத்தாக உரிமை கோரினர்; அந்தக் கோரிக்கையிலேயே தேசம் ஓர் இந்து தேசமாகக் கற்பனை செய்யப்பட்டது என்பது பிரகாஷின் வாதம். ஜகதீச சந்திர போஸையும் ராமானுஜனையும் பற்றி நந்தி 1980-இல் எழுதிய 'ஆல்டர்னேட்டிவ் சயன்சஸ்' இதன் முன்னோடி எனலாம். மின்காந்த அலைகளை ஆராய்ந்த போஸ் பின்னர் தாவரங்களின் உணர்ச்சியை ஆராயத் திரும்பியதையும், 1917-இல் நிறுவிய தம் ஆய்வகத்தைக் கோயில் என்றே அழைத்ததையும், ஒரு காலனி அறிவாளியின் மனப்போராட்டமாக அந்நூல் விளக்குகிறது. உளவியல் விளக்கம் போஸுக்குப் பொருந்தும் அளவுக்கு ராமானுஜனுக்குப் பொருந்தவில்லை.

இவ்வகை உரிமைக்கோரல்களைப் பொதுவாகக் கண்டிப்பதைவிட, ஒன்றை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு பயனுள்ளது என்பதற்கு 1974-இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர் ஐவர் 'வைமானிக சாஸ்திரம்' குறித்து எழுதிய ஆய்வு சான்று. பரத்வாஜ முனிவர் அருளியதாகச் சொல்லப்பட்ட அந்நூலின் மொழிநடையையும் யாப்பையும் ஆராய்ந்து, அது வேதகாலத்தது அல்ல, இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது சொச்சம் ஆண்டுகளில் பண்டித சுப்பராய சாஸ்திரி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது என்று அவர்கள் காலம் கணித்தனர். அதிலுள்ள விமானப் படங்களும் பழைய சுவடியிலிருந்து வந்தவை அல்ல; பெங்களூரின் பொறியியல் கல்லூரி ஒன்றில் வரைவாளராக இருந்த எல்லப்பா என்பவர் சாஸ்திரியின் சொற்படி 1923-இல் வரைந்தவை. காற்றைவிடக் கனமான ஓர் ஊர்தி எவ்வாறு மேலெழும், எவ்வாறு நிலைகொள்ளும் என்ற இயக்கவியலின் அடிப்படைகூட நூலை இயற்றியவருக்குத் தெரியவில்லை என்பதைக் கணக்கிட்டுக் காட்டினர். 2015 ஜனவரியில் மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில் பண்டைய விமானவியல் பற்றிய உரை இடம்பெற்றபோது, நாற்பதாண்டுகளுக்கு முன்பே விடை எழுதப்பட்டிருந்தும் அது பொதுவெளியை எட்டவில்லை என்பது தெளிவாயிற்று. பாடவாரியாக ஒரு பிரதியின் பிறப்பைத் துருவும் இந்த முறை, தமிழ்ச் சுவடிப் பதிப்பாளர்களுக்கு நன்கு பழக்கமானதே. அறிவியல் வரலாற்றில் அது இன்னும் போதிய அளவு கையாளப்படவில்லை.

இயற்பியலாளரே மத தேசியத்தோடு நேருக்கு நேர் நின்று வாதிட்டதற்கு மேகநாத் சாகா தலையாய எடுத்துக்காட்டு. விண்மீன்களின் நிறமாலையிலிருந்து அவற்றின் வெப்பநிலையை அறிய உதவும் அயனியாக்கச் சமன்பாட்டை 1920-இல் வெளியிட்ட சாகா, கிழக்கு வங்கத்தில் ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1930-களின் இறுதியில் 'பாரதவர்ஷ' என்ற வங்க இதழில், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த அனில்பரண் ராய்க்கு மறுமொழி எழுதிய அவர், 'எல்லாம் வேதத்தில் உண்டு' என்ற நம்பிக்கையை நூலாதாரங்களோடு மறுத்தார். அபா சுர் 2011-இல் வெளியிட்ட 'டிஸ்பர்ஸ்ட் ரேடியன்ஸ்' இந்த வாதத்தை வெறும் பகுத்தறிவுப் பற்றாகப் பார்க்காமல், சாதிய இழிவை அனுபவித்த ஒருவரின் அறிவியல் நோக்காகவும் படிக்கிறது. அந்தக் கோணம் இல்லாமல் சாகாவின் பிற்காலப் பணிகளைப் புரிந்துகொள்ள இயலாது. 1952-இல் சுயேச்சையாக மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், அதே ஆண்டு அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவரானார். சம இரவு நாள் நிகழும் புள்ளி மெல்ல நகர்வதைப் பஞ்சாங்கங்கள் கணக்கில் கொள்ளாமல் விட்டதால், வசந்தகாலச் சம இரவை ஒட்டித் தொடங்கியிருக்க வேண்டிய ஆண்டு 23 நாள் பின்தங்கி ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது என்பதை அக்குழு விளக்கியது. 1957 மார்ச் 22 முதல் அரசு ஏற்ற தேசிய நாட்காட்டி அரசிதழிலும் வானொலியிலும் இடம்பெற்றது. திருவிழாக்களோ பழைய கணக்கிலேயே தொடர்ந்தன. வாக்கியமா, திருக்கணிதமா என்ற வழக்கு இன்றும் ஓயாத தமிழ்நாட்டு வாசகருக்கு அக்குழுவின் வேலை எவ்வளவு கடினமானது என்பதை விளக்கத் தேவையில்லை.

அபா சுர்ரின் நூலில் மற்றொரு பகுதி, பெங்களூரில் ராமனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பெண்களைப் பற்றியது. வைரத்தின் ஒளிர்வை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்ட அன்னா மணிக்கு, முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை. அவர் பிற்காலத்தில் வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்து தரப்படுத்தும் பணியில் ஈடுபட்டார். கண்டுபிடிப்பாளரை மட்டும் நினைவில் வைத்துக் கருவி செய்தவரை மறக்கும் வரலாற்றெழுத்துக்கு எதிரான வலுவான சான்றாக அவருடைய வாழ்வை அந்நூல் முன்வைக்கிறது.

சுதந்திரத்தை ஒட்டிய காலத்தின் அணு இயற்பியலுக்கு மிகச் சிறந்த வழிகாட்டி ஜானவி பால்கேயின் 'அட்டாமிக் ஸ்டேட்' (2013). அணுகுண்டிலிருந்து பின்னோக்கி நடந்து அதன் தோற்றத்தைத் தேடும் வழக்கத்தை பால்கே விட்டுவிடுகிறார். மாறாக, மின்னேற்றம் பெற்ற துகள்களைக் காந்தப்புலத்தில் சுழலச் செய்து வேகமூட்டும் சைக்ளோட்ரான் போன்ற பொறிகளை யார் எங்கே கட்ட முயன்றனர், ஏன் திணறினர் என்று கேட்கிறார். கல்கத்தாவில் சாகாவின் குழு தொடங்கிய சைக்ளோட்ரான், போர்க்காலத் தட்டுப்பாட்டாலும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் இன்மையாலும் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. அதே காலத்தில் பம்பாயில் ஹோமி பாபா 1945-இல் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, 1948-இல் அணுசக்தி ஆணையத்தின் தலைவராகவும் ஆனார். அணு ஆய்வு ஒரே கூரையின் கீழ், அரசின் மறைகாப்புக்குள் சென்றது முன்கூட்டியே எழுதப்பட்ட விதி அல்ல, பல வழிகளில் ஒன்று பிறவற்றை வென்றதன் விளைவு என்பதை இந்நூல் ஆவணங்களால் காட்டுகிறது. இட்டி ஆபிரகாமின் 'தி மேக்கிங் ஆஃப் தி இந்தியன் அட்டாமிக் பாம்' (1998), புதிதாக விடுதலை பெற்ற அரசுக்குத் தன் நவீனத்தை நிரூபிக்க அணுசக்தி எவ்வாறு கருவியாயிற்று, வாக்குறுதிக்கும் விளைவுக்கும் இடையிலான பள்ளத்தை இரகசியம் எவ்வாறு மூடியது என்பதை விளக்குகிறது. மறுவருடம் வந்த ஜார்ஜ் பெர்கோவிச்சின் பெருநூல், அயல்நாட்டு அச்சுறுத்தல் மட்டுமே இந்தியாவைக் குண்டுக்குத் தள்ளியது என்ற எளிய விளக்கத்தை உடைத்து, உள்நாட்டு அரசியலுக்கும் அறிவியலாளர் குழாமின் செல்வாக்குக்கும் இடம் தந்தது. இவை மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஓர் உண்மை புலப்படுகிறது: கேள்வி கேட்க முடியாத நிறுவனமாக அணுசக்தித் துறையை வளர்த்தது மதச்சார்பற்றதெனத் தன்னை அறிவித்துக்கொண்ட அரசு, பின்னர் வந்த மத தேசியம் அந்த நிறுவனத்தின் மேல் தன் கொடியை நட்டது.

கொடி நட்ட விதத்தை ஆராயும் கட்டுரைகள், இட்டி ஆபிரகாம் தொகுத்த 'சவுத் ஏசியன் கல்ச்சர்ஸ் ஆஃப் தி பாம்' (2009) என்ற நூலில் உள்ளன. அணுச்சோதனைகளுக்குப் பின் மும்பையின் விநாயகர் சதுர்த்திப் பந்தல்களில் குண்டு எவ்வாறு கடவுளரோடு காட்சிப்பொருளாயிற்று என்பதை ரமிந்தர் கவுரும், பாகிஸ்தானின் வெகுமக்கள் பண்பாட்டில் அணு ஆயுதம் பெற்ற இடத்தை இஃப்திகார் தாதியும் விவரிக்கின்றனர். நகரச் சந்திகளில் சாகாய் மலையின் மாதிரிகளும் ஏவுகணை மாதிரிகளும் எழுந்த பாகிஸ்தானின் நிலையை அறிய, அணு இயற்பியலாளர் பர்வேஸ் ஹூட்பாய் 1991-இல் எழுதிய 'இஸ்லாம் அண்ட் சயன்ஸ்' இன்றியமையாதது. ஜியா உல் ஹக் ஆட்சியில் 'இஸ்லாமிய அறிவியல்' என்ற பெயரில் அரசு ஆதரவோடு கருத்தரங்குகள் நடந்ததையும், ஜின்களிடமிருந்து ஆற்றல் பெறலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டதையும் அச்சமின்றி எழுதிய அந்நூலுக்கு அப்துஸ் சலாம் முன்னுரை வழங்கினார். மின்காந்த விசையையும் வலுகுறை விசையையும் ஒரே கோட்பாட்டில் இணைத்ததற்காக 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட சலாம், அகமதியா பிரிவைச் சேர்ந்தவர். அப்பிரிவினர் முஸ்லிம்கள் அல்லர் என 1974-இல் பாகிஸ்தான் அரசமைப்பு திருத்தப்பட்டபோது அரசின் அறிவியல் ஆலோசகர் பொறுப்பைத் துறந்தார். மத தேசியம் இயற்பியலின் புகழை விரும்பியது, இயற்பியலாளரை விரும்பவில்லை என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று இத்துறையில் இல்லை.

மதத்துக்கும் அறிவியலுக்கும் மோதல் இயல்பு என்ற முன்முடிவை ரென்னி தாமஸின் 'சயன்ஸ் அண்ட் ரிலிஜன் இன் இந்தியா' (2022) ஏற்கவில்லை. பெங்களூரின் ஆய்வாளர்களிடையே தங்கிக் களப்பணி செய்த தாமஸ், ஆயுத பூசையன்று ஆய்வுக்கருவிகளுக்குச் சந்தனம் வைப்போர் அதில் முரண்பாடு எதையும் காணவில்லை என்பதையும், நாத்திகர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வோரும் சடங்குகளைப் பண்பாடு எனக் கருதிப் பின்பற்றுவதையும் பதிவு செய்கிறார். அதைவிட முக்கியமானது, அந்தப் 'பண்பாடு' பெரும்பாலும் பிராமணப் பண்பாடாக இருப்பதையும், அறிவியல் அவர்களுக்கே இயல்பானது என்ற எண்ணம் உறைந்திருப்பதையும் அவர் சுட்டுவது. அஜந்தா சுப்பிரமணியன் சென்னை ஐஐடியை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்', தகுதி என்ற சொல்லால் சாதி மறைக்கப்படுவதைப் பொறியியல் கல்வியின் வரலாற்றிலிருந்து விளக்குகிறது. இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்போருக்கு, கைவினையிலிருந்து விலகிய அறிவே உயர்ந்தது என்ற பழைய எண்ணம் நவீன நிறுவனங்களிலும் தொடர்வது விளங்கும்.

தொழில்நுட்பத்தைக் கண்டுபிடிப்பின் கதையாக அல்லாமல் பயன்பாட்டின் கதையாக எழுத வேண்டும் என்று டேவிட் எட்ஜர்ட்டன் 2006-இல் 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' நூலில் வலியுறுத்தினார். டேவிட் ஆர்னல்டின் 'எவ்ரிடே டெக்னாலஜி' (2013) மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகிய நான்கையும் கொண்டு இந்திய நவீனத்தை அவ்வாறே எழுதியது. அணு உலைகளைப் பற்றி எழுதுவோர் இந்த நோக்கை ஏற்றால், உலையின் வடிவமைப்பாளரோடு வரலாறு நின்றுவிடாது. ஒப்பந்தத் தொழிலாளரும் அக்கம்பக்கத்து மீனவரும் அதற்குள் வருவர்.

ரமிந்தர் கவுர் 2020-இல் வெளியிட்ட கூடங்குளம் பற்றிய நூலில் அவர்கள் வருகின்றனர். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலிருந்து, 1000 மெகாவாட் திறனுள்ள முதல் உலை 2014 இறுதியில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது வரையிலான காலத்தில், எதிர்ப்பின் மையமாக விளங்கியது இடிந்தகரையின் லூர்து மாதா ஆலய வளாகம். கடல்நீரின் வெப்பம், மீன்வளம், கழிவுகளின் ஆயுள், நிலநடுக்கம் என இயற்பியலின் சொற்களிலேயே மீனவப் பெண்கள் வினவினர். ஃபுகுஷிமா விபத்து நிகழ்ந்த 2011-க்குப் பின் அக்கேள்விகள் கூர்மையடைந்தன. பதிலாக வந்தவற்றுள் அந்நியப் பணம் என்ற குற்றச்சாட்டும், ஆயிரக்கணக்கானோர் மீது தொடுக்கப்பட்ட தேசத்துரோக வழக்குகளும் அடங்கும். போராடியோரில் பலர் கத்தோலிக்க மீனவர் என்பது அந்தக் குற்றச்சாட்டுக்கு வசதியாயிற்று. அறிவியல் தேசத்தின் உடைமை, ஐயம் அந்நியருடையது என்ற பாகுபாடு அன்று நடைமுறையில் வந்தபோது மத்தியில் ஆண்டது இந்துத்துவக் கட்சி அல்ல. 1998-ஐத் தொடக்கப்புள்ளியாகக் கொள்ளும் நூல்கள் விளக்கத் தவறுவது இதைத்தான். பால்கேயும் கவுரும் எழுதியவற்றில் அதற்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது.