நடுச்சாம்பலும் மாமையும்: கல்லூரி ஒளிப்படக் கல்வியில் தோல்நிறம் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் பயிலும் மாணவர் ஒளிப்படக்கலையையும் எண்ணிமப் படத்திருத்தத்தையும் கருவியறிவாகவே கற்கின்றனர். கருவி நடுநிலையானது என்பது அக்கல்வியின் சொல்லப்படாத முற்கோள். இம்முற்கோள் கருநிறத் தோலைப் படமாக்கும் இடத்தில் தளர்கிறது என்பதையும், ஒளியளவில் நேரும் பிழை ‘நிறத்திருத்தம்’ என்னும் பெயரால் படமெடுக்கப்பட்டவர் முகத்தின் மீது ஏற்றப்படுகிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. சங்க இலக்கியத்தின் மாமை, பசலை ஆகிய கருத்துகளைக் கொண்டு இன்றைய பயிற்சி முறையை மதிப்பிட்டுச் சில மாற்றங்களையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஒளிப்படக் கல்வி, எண்ணிமப் படிமம், நடுச்சாம்பல், தோல்நிறம், மாமை, பசலை.

முன்னுரை

இக்கட்டுரையாளர் தமிழாய்வுக்கு வருமுன் இளநிலையில் காட்சித் தொடர்பியல் பயின்றவர். உருவப்பட வகுப்புகளில் மாதிரியாக அமர வெளிர்நிற மாணவர்களே பெரும்பாலும் அழைக்கப்பட்டனர். ‘லைட் பிடிக்க எளிது’ என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வெள்ளைச் சட்டை அணிந்த கருநிற நண்பர் ஒருவரைப் படமெடுத்துப் பயிற்சிக் கோப்பில் ஒப்படைத்தபோது, ‘முகம் டல், திருத்துக’ என்னும் குறிப்போடு அது திரும்பி வந்தது. திருத்தி ஒப்படைத்த படத்திற்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. திருத்தப்பட்டது எது என்னும் வினா அன்று எழவில்லை. அவ்வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

ஒளிப்படம் குறித்த தமிழ் ஆய்வுகளில் கலைச்சொல்லாக்கமும் திரைப்பட ஒளிப்பதிவும் பேசப்படும் அளவுக்கு, வகுப்பறையில் கற்பிக்கப்படும் தொழில்நுட்பம் பண்பாட்டு நோக்கில் பேசப்படவில்லை. புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என்னும் மூன்று சொற்களில் எது பொருத்தமானது என்று நாம் நெடுங்காலம் விவாதித்துள்ளோம். அப்படத்தில் யாருடைய முகம் தெளிவாகத் தெரிகிறது என்பதும் அதற்கு இணையாக விவாதிக்கத்தக்கது.

1. நடுச்சாம்பல் என்னும் அளவுகோல்

கேமராவின் உள்ளே அமைந்த ஒளிமானி பொருளின் நிறத்தை அறியாது. பொருளிலிருந்து திரும்பிவரும் ஒளியின் அளவை மட்டுமே அறியும். தன் முன் உள்ள காட்சி, சராசரியாக ஒரு நடுச்சாம்பல் பரப்பைப் போன்றது என்னும் கோட்பாட்டில் அது இயங்குகிறது. இதற்கென வகுப்பறைகளில் காட்டப்படும் சாம்பல் அட்டை தன் மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புவது. காட்சியில் வெண்மை மிகுந்தால் ஒளிமானி அதைச் சாம்பலாக்கக் குறைத்துப் பதியும். கருமை மிகுந்தால் கூட்டிப் பதியும்.

இதனைத் தமிழகத் திருமணக் கூடத்தில் பொருத்திப் பார்க்கலாம். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்த கருநிற மணமகன் சட்டகத்தை நிறைத்து நிற்கிறார். வெண்துணியின் பரப்பு மிகுதி. முகத்தின் பரப்பு குறைவு. சராசரி அளவீட்டில் ஒளிமானி துணியைச் சாம்பலை நோக்கி இழுக்க, முகம் மேலும் இருளுக்குள் தள்ளப்படுகிறது.

எண்ணிமக் கேமராவில் இவ்விழப்பைக் கணக்கிட்டும் காட்டலாம். 12 பிட் ரா கோப்பில் 4096 ஒளிப்படிகள் உண்டு. அவை எல்லா ஒளிநிலைகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. மிக ஒளிர்ந்த ஒரு ஸ்டாப் 2048 படிகளையும், அடுத்தது 1024, அதற்கடுத்தது 512, நான்காவது 256 படிகளையும் பெறுகின்றன. துணிக்கும் முகத்துக்கும் மூன்று ஸ்டாப் வேறுபாடு உள்ளதாகக் கொள்வோம். துணி உச்ச நிலையில் சரியாகப் பதிவானால் முகத்திற்கு 256 படிகள் அமையும். அதே படம் இரண்டு ஸ்டாப் குறைவாகப் பதிவானால் முகத்திற்கு எஞ்சுவன 64 படிகளே. முகத்தின் வளைவுகளும் மிளிர்வும் சிறு நிழல்களும் அந்த 64 படிகளுக்குள் அடங்க வேண்டியுள்ளது.

இதன் விளைவுகள் தொடர்ச்சியானவை. இருண்ட முகத்தை மென்பொருளில் ஒளியேற்றும்போது நாய்ஸ் எனப்படும் புள்ளிக் கலக்கம் வெளிப்படுகிறது. அதனை மறைக்கத் தோல் மழமழப்பாக்கப்படுகிறது. மழமழப்பான தோல் உயிரற்றுச் சாம்பல் பூத்திருப்பதால் மேலும் ஒளியேற்றி வெளிறச் செய்யப்படுகிறது. முகத்தை வெளுப்பாக்குதல் என்பது சமூக விருப்பத்தால் மட்டும் நேர்வதன்று. அளவீட்டுப் பிழையில் தொடங்கி அவ்விருப்பத்தில் சென்று முடிகிறது என்பது இதனால் பெறப்படும்.

2. பாடத்தில் இடம்பெறாத வரலாறு

ஒளிப்படக் கருவிகளும் வேதிப்பொருள்களும் யாருடைய தோலைக் கருத்தில் கொண்டு செம்மையாக்கப்பட்டன என்பது ஆவணப்படுத்தப்பட்ட வரலாறு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வண்ணப்பட ஆய்வகங்களுக்குக் கோடாக் நிறுவனம் வழங்கிய மாதிரிப் படங்களில் வெள்ளைத் தோல் கொண்ட பெண் ஒருவர் இடம்பெற்றார். ‘ஷர்லி அட்டை’ என்று வழங்கப்பட்ட அவ்வகை அட்டைகளில் உள்ள தோல் சரியாகத் தெரிந்தால் அச்சின் வண்ணம் சரி என்பது நடைமுறை. கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் வெளியிட்ட கட்டுரை இதனை விரிவாக ஆராய்ந்தது. அடர்பழுப்பு நிறங்கள் வண்ணச்சுருளில் சரியாகப் பதிவாகவில்லை என்று மரச்சாமான் நிறுவனங்களும் சாக்லேட் நிறுவனங்களும் தெரிவித்த குறைகள் சுருளின் மேம்பாட்டுக்குத் தூண்டுதலாயின என்பது அவர் எடுத்துக்காட்டும் செய்தி. மனிதத் தோலின் பொருட்டு எழாத அக்கறை மரத்தின் பொருட்டு எழுந்தது.

தமிழகத்திற்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் முன்னோடி. அங்கு 1850களிலேயே ஒளிப்படக்கலை கற்பிக்கப்பட்டது. நீலகிரிப் பழங்குடிகள் குறித்து ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் எழுதி 1873இல் வெளியான நூலுக்கு அக்கலைப்பள்ளியைச் சார்ந்தோர் எடுத்த படங்கள் பயன்பட்டன. அக்காலத்து ஒளியுணர் பூச்சுகள் நீல ஒளியையே மிகுதியாக உணர்ந்தன, செவ்வொளியை உணரவில்லை. அதனால் செம்மை கலந்த பழுப்புத் தோல் இயல்பினும் கருமையாகப் பதிவாகும். ஹெர்மன் வோகல் 1873இல் சாயங்களின் துணையால் பூச்சுகளின் உணர்திறனை விரிக்கும் வழியைக் கண்டறிந்த பின்னரே இந்நிலை படிப்படியாக மாறியது.

அன்று வேதிப்பூச்சு கருமையைக் கூட்டியது. இன்று மென்பொருள் கருமையைக் கழிக்கிறது. இரண்டிலும் முகம் தன் இயல்பில் பதிவாகவில்லை. ஒளிப்பட வரலாறு என்னும் தாளில் டாகேரின் 1839ஆம் ஆண்டு அறிவிப்பையும் ஸ்டீவன் சாசன் 1975இல் உருவாக்கிய எண்ணிமக் கேமராவையும் ஆண்டுவாரியாகக் கற்கும் மாணவர் இத்தொடர்ச்சியையும் கற்பது இன்றியமையாதது.

3. ‘திருத்தம்’ என்னும் சொல்

வண்ணத்தைச் சரிசெய்யும் பணியை ஸ்டுடியோக்களிலும் வகுப்பறைகளிலும் ‘கலர் கரெக்‌ஷன்’ என்கின்றனர். தமிழில் இது நிறத்திருத்தம் எனப்படும். திருத்தம் என்ற அளவில் பிழையொன்று முன்னரே இருந்ததாகக் கொள்ள வேண்டும். விளக்கொளியின் மஞ்சளை நீக்குவது உண்மையில் திருத்தமே. அங்குப் பிழை ஒளியின் இயல்புக்கும் கருவியின் அமைப்புக்கும் இடையே உள்ளது. ஆனால் அதே பெயரால், அதே வகுப்பில், முகத்தை இரண்டு படி வெளுப்பாக்குவதும் கற்பிக்கப்படும்போது பிழை முகத்தினுடையதாகிவிடுகிறது. ஒரே சொல் இரு வேறு செயல்களை மூடி நிற்பதால் மாணவருக்கு வேறுபாடு புலப்படுவதில்லை.

பேச்சுத்தமிழும் இதற்குத் துணைநிற்கிறது. ‘பொண்ணு நல்ல நிறம்’ என்றால் வெளுப்பு என்று பொருள். ‘நிறம் கம்மி’ என்றால் கறுப்பு என்று பொருள். எல்லா வண்ணங்களுக்கும் பொதுவான நிறம் என்னும் சொல் ஒரு வண்ணத்திற்கே உரியதாகச் சுருங்கிவிட்டது. கருமை ஒரு நிறமாக அன்றி நிறத்தின் குறைவாகவே எண்ணப்படுகிறது. இவ்வழக்குச் சூழலிலிருந்து வரும் மாணவர் மென்பொருளில் ஒளியேற்றும்போது தாம் நிறம் மாற்றுவதாக எண்ணுவதில்லை. இல்லாத நிறத்தைத் தருவதாகவே எண்ணுகின்றார்.

4. மாமையும் பசலையும்

சங்க அகமரபில் தோல்நிறம் குறித்த மதிப்பீடு இதற்கு மாறான திசையில் அமைந்துள்ளது. தலைவியின் இயல்பான அழகைக் குறிக்கும் சொல் மாமை. தலைவன் பிரிவால் அம்மாமை கெட, மேனியில் படர்வது பசலை. குறுந்தொகையின் 27ஆம் பாடலில் வெள்ளிவீதியார், தனக்கும் பயன்படாமல் தலைவனுக்கும் உதவாமல் மாமையைப் பசலை உண்டுபோகும் துயரை, யாருக்கும் பயனின்றி மண்ணில் சிந்தும் பாலோடு ஒப்பிட்டுத் தலைவி கூற்றாக அமைக்கிறார். திருக்குறளின் 119ஆம் அதிகாரமான பசப்புறு பருவரல் முழுமையும் இந்நிற மாற்றத்தையே பொருளாகக் கொண்டது. இம்மரபில் மேனி நிறம் மாறி வெளிறுவது அழகின் வளர்ச்சி அன்று; நோயின் அறிகுறி.

இங்கு எச்சரிக்கை ஒன்று தேவை. மாமை என்பதற்கு மாந்தளிரின் நிறம் என்றே உரையாசிரியர் பொருள் கொண்டனர். மா என்னும் அடிக்குக் கருமைப் பொருளும் உண்டு. முல்லைத் தெய்வமான மாயோனின் பெயர் அதற்குச் சான்று. எனினும் மாமையைக் கருமை என்று மட்டும் கொள்வது பாடல்களுக்கு முழுதும் பொருந்தாது. சங்க காலத்தில் கருநிறமே அழகின் இலக்கணமாக இருந்தது என்று நிறுவுவதும் இக்கட்டுரையின் நோக்கம் அன்று. மாமை என்பது வெண்மை அன்று. பசலை என்பது மேனியின் நிறைநிறம் கெடுதல். இவ்விரண்டு அளவில் நின்றாலே ஒப்பீட்டுக்குப் போதும்.

இவ்வொப்பீடு திறனாய்வுக்குத் தரும் பயன் யாது? எண்ணிமப் படத்தில் மழமழப்பாக்கி வெளிறச் செய்த முகம் அகமரபின் கண்கொண்டு நோக்கினால் பசலை பாய்ந்த முகமே. அழகூட்டல் என்று இன்று கருதப்படும் செயல், நம் பழைய சொற்களில் அழகுக்கேட்டின் பெயரைப் பெற்றிருக்கும். அழகு குறித்த மதிப்பீடு இயற்கையானது அன்று, மாறக்கூடியது என்பதை மாணவருக்கு உணர்த்த அயல்நாட்டுக் கோட்பாட்டை மட்டும் நாட வேண்டியதில்லை.

5. மறுப்புகளும் விடைகளும்

வாடிக்கையாளரே வெளுப்பை விரும்புகின்றனர். ஸ்டுடியோ நடத்துபவர் பிழைக்க வேண்டும். கல்லூரி அத்தொழிலுக்கு ஆயத்தப்படுத்துகிறது என்பது ஒரு மறுப்பு. இதில் உண்மை உண்டு. ஆனால் சரியாகப் பதிவான கருநிற முகத்தைக் கண்டறியாத வாடிக்கையாளரின் முன் இருக்கும் தேர்வு, இருண்டு தெளிவற்ற முகம், வெளுத்த முகம் என்னும் இரண்டே. மூன்றாவதை எடுக்கத் தெரிந்தவரே அதனைக் காட்ட இயலும்.

தொழில்நுட்பம் இக்குறையைத் தானே களைந்துவிட்டது என்பது மற்றொரு மறுப்பு. இன்றைய உணரிகள் இருண்ட பகுதிகளை முன்னிலும் சிறப்பாகப் பதிகின்றன. சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கிய பத்து நிலைத் தோல்நிற அளவுகோலைக் கூகுள் நிறுவனம் 2022இல் வெளியிட்டுப் பயன்படுத்தத் தொடங்கியது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் எந்த முகத்தில் ஒளியை அளப்பது, எவ்வளவு ஒளியேற்றுவது என்பவற்றை முடிவுசெய்வோர் இன்றும் மனிதரே. அம்முடிவே கல்வியின் களம்.

6. பயிற்சியில் வேண்டப்படும் மாற்றங்கள்

முதலாவதாக, சாம்பல் அட்டைப் பயிற்சியை அடுத்து வெண்துணி அணிந்த கருநிற முகத்தைப் படமாக்கும் பயிற்சி கட்டாயமாதல் வேண்டும். சராசரி அளவீடு, முகத்தில் மட்டும் செய்யும் ஸ்பாட் அளவீடு, முகத்தின் மீது விழும் ஒளியைக் கைக்கருவியால் அளத்தல் ஆகிய மூன்றையும் செய்து ஹிஸ்டோகிராம்களை ஒப்பிடச் செய்யலாம். முகத்தில் ஸ்பாட் அளவீடு செய்து அப்படியே ஏற்றால் கருநிறமும் நடுச்சாம்பலாக உயர்ந்துவிடும். எனவே அளவிலிருந்து எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதும் இப்பயிற்சியில் தெளிவாகும்.

இரண்டாவதாக, கருநிறத் தோலின் அழகு அதன் மிளிர்வில் உள்ளது. ஒளியைக் கூட்டுவதை விடப் பெரிய, மென்மையான ஒளிமூலத்தைப் பக்கவாட்டில் அமைத்து அம்மிளிர்வை வடிவமைத்தல் தனிப் பாடமாதல் வேண்டும்.

மூன்றாவதாக, திருத்தம், மாற்றம் என்னும் இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். ஒளியின் பிழையையும் கருவியின் பிழையையும் நீக்குவது திருத்தம். தோலின் நிறத்தை வேறாக்குவது மாற்றம். பயிற்சிக் கோப்பில் மாற்றம் எதுவும் இடம்பெற்றால் மூலப்படத்தையும், படத்தில் உள்ளவர் அதற்கு இசைந்தாரா என்ற குறிப்பையும் இணைக்கச் செய்தல் தகும்.

முடிவுரை

கருவி நடுநிலையானது என்னும் முற்கோள், நடுச்சாம்பலை அளவாகக் கொண்ட ஒளிமானியிலும், வெள்ளைத் தோலை அளவாகக் கொண்ட ஷர்லி அட்டையிலும் பொய்ப்பதைக் கண்டோம். அப்பிழை திருத்தம் என்னும் சொல்லால் மறைக்கப்பட்டு முகத்தின் மீது ஏற்றப்படுவதையும், தமிழ் அகமரபு அவ்வெளிறலை நோயாகவே கண்டதையும் கண்டோம்.

முன்னுரையில் சுட்டிய படத்தின் ரா கோப்பு இக்கட்டுரையாளரிடம் இன்றும் உள்ளது. அண்மையில் அதனைத் திறந்து அளந்தபோது, வெள்ளைச் சட்டையால் ஏமாந்த ஒளிமானியின் கணக்கை அப்படியே ஏற்று, படம் ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் குறைவாக எடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. நண்பரின் முகத்தில் பிழை இல்லை. படமெடுத்தவரின் கணக்கிலேயே பிழை இருந்தது. ‘எக்ஸ்போஷர் குறைவு, மீண்டும் எடுக்க’ என்றே அக்கோப்பில் குறித்திருத்தல் வேண்டும். அக்குறிப்பை எழுதும் ஆசிரியரையும் எழுதத் தெரிந்த மாணவரையும் உருவாக்குவதே ஒளிப்படக் கல்வியின் கடமை ஆகும்.